சம்பந்தியின் கிளாஸ்

பேனரில் சிவபாலனின் முகம் ஆளுயரத்துக்கு இருந்தது. கிரேசியின் படம் மூலையில், அச்சகத்தின் பெயருக்கு மேலே, தபால்தலை அளவில் இருந்தது. பார் ஊழியர்களுக்கான அன்றைய பயிற்சியே கிரேசி செத்ததால்தான் நடந்தது. திரேஸ்புரத்திலிருந்து மீன்கூடையோடு வந்து திருச்செந்தூர் சாலை வளைவில் நின்றவள் மேல் டிரைலர் லாரி ஏறியது. ஓட்டியவன் குடித்தது சிவபாலனின் ஹோட்டல் பாரில். தள்ளாடிய பிறகும் அவனுக்கு ஊற்றிக் கொடுத்திருந்தார்கள். போலீஸ் கேட்டபோது, சப்ளையர் மாரிராஜ் தெரியாமல் ஊற்றிவிட்டான் என்று சிவபாலன் முடித்துக்கொண்டார்.

ஊர் வாயை அடைக்க வேண்டியிருந்தது. பார் உரிமையாளர் சங்கத் தலைவர் என்ற முறையில் அவரே பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார், அவரே தலைமை தாங்கினார், தனக்கான பொன்னாடையையும் தானே வாங்கி வைத்தார். குத்துவிளக்கும் வாழ்த்துரைகளும் போக மிஞ்சிய நேரம் பயிற்சியாளர் உமாராணிக்குக் கிடைத்தது. நாக்குக் குழறினால் ஊற்றுவதை நிறுத்துங்கள், தண்ணீரும் சாப்பாடும் கொடுங்கள், வண்டிச் சாவியை வாங்கி வையுங்கள் என்று அந்த அம்மாள் சுருக்கமாகச் சொன்னார். உடனே சிவபாலன் மைக்கைப் பிடித்து, எந்தக் கொம்பன் வந்து கேட்டாலும் இனி தன் பாரில் அளவுக்கு மேல் ஒரு சொட்டு கிடையாது என்று முழங்கினார்.

வந்தது கொம்பன் இல்லை, சம்பந்தி.

ஆத்தூரில் வெற்றிலை மொத்த வியாபாரம் செய்கிற செந்தூர்பாண்டியின் மகனுக்குச் சிவபாலனின் மகள் இந்துமதியைப் பேசியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை நிச்சயம். விழாவில் முன்வரிசையில் இருந்து கை தட்டிய மனிதர், மத்தியானம் பாரில் வந்து உட்கார்ந்தார். சிவபாலனே பக்கத்தில் இருந்து உபசரித்தார். சிவபாலன் வீட்டுப் பந்தியில், சம்பந்தி தானாக இலைமேல் கை வைத்து மறிக்கிற வரை கரண்டி நிற்கக் கூடாது. நின்றால் அவமானம். கிளாஸுக்கும் அதுவே முறை என்று சிவபாலன் எடுத்துக்கொண்டார். செந்தூர்பாண்டியோ கை மறிக்கிற ஆள் இல்லை.

பேச்சு குழற ஆரம்பித்தது. மேசைமேல் கார் சாவி கிடந்தது. இன்னொன்று ஊற்றச் சொன்னார்.

மாரிராஜ் பாட்டிலோடு வந்து நின்றான்.

"முதலாளி, நீங்க சொன்னா ஊத்துதேன்," என்றான் தணிந்த குரலில். "ஆனா வாயால சொல்லிருங்க. அன்னைக்கும் பக்கத்துலதான் நின்னிய, ஒண்ணும் சொல்லல. நானா ஊத்துனதாப் போச்சி."

நிச்சயத்துக்குத் தைத்து வந்த ரவிக்கையை இந்துமதி காலையில்தான் அவரிடம் காட்டியிருந்தாள். மைக்கில் அவ்வளவு சரளமாக முழங்கிய சிவபாலன் கையை நீட்டிக் கிளாஸை மறித்தார். சாப்பிடுகிறவன் மட்டும் வைக்க வேண்டிய கை அது.

செந்தூர்பாண்டி அந்தக் கையைப் பார்த்தார். "என் வாய்க்கு நீரு அளவு வைக்கீரோ? வெள்ளிக்கிழமைக்கு வேற மாப்பிள்ளை பாரும்."

"பாத்துக்கிடுதேன் சம்பந்தி. சாவியக் குடுங்க."

திமிறியவரை மாரிராஜ் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்ப் பின் சீட்டில் உட்கார்த்தினான். சிவபாலன் ஓட்டினார். கிரேசி செத்த வளைவு வந்தபோது மின்கம்பத்தில் யாரோ கட்டிய ஜெபமாலை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அத்தனை பெரிய பேனர் வைத்தவர் அந்த இடத்தை அன்றுதான் காரை நிறுத்திப் பார்த்தார். பின்னால் குறட்டை கேட்டது.

ஆத்தூரில் கார் நிற்பதற்குள் செந்தூர்பாண்டியின் மனைவி அருணாசலவடிவு வாசலுக்கு ஓடி வந்துவிட்டாள். பின் சீட்டில் குனிந்து, புருஷன் மூச்சு விடுவதைப் பார்த்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"இவுக வந்தா தெரு மொனையிலயே சத்தம் தெரியும் அண்ணாச்சி. இன்னைக்கு வண்டி மெதுவா வந்துச்சி. சேதி சொல்ல வேற யாரோ எடுத்துட்டு வாராகன்னு நெனச்சிட்டேன்."

சிவபாலன் நடந்ததைச் சொன்னார். நிச்சயம் முறிந்ததையும் சொன்னார். அவள் சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"வெள்ளிக்கிழமைக்கு நிச்சய வெத்தலை நான் கொண்டாரேன்," என்றாள். "மொத கிளாஸ ஊத்திக் குடுத்ததுக்கு உங்கள என்ன சொல்லணுமோ, அதையும் அன்னைக்கே சொல்லுதேன்."