நாற்பத்து மூன்று கடைகளும் நான்கு அடிகளும்

சந்தையில் அவருக்குப் பாதிவிலை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, ஆனால் அதைச் சொல்லி விசாரித்தால் அங்கே ஒருவரும் கை காட்ட மாட்டார்கள். எந்தக் கடையில் எந்த விலை சொன்னாலும், சொன்ன வாய் மூடுவதற்குள் அதில் பாதியைக் கேட்பார். கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். இவர் எழுந்துவிடுவார். வாசல் பக்கமாக நடப்பார், ஓட்டமும் இல்லாமல், இழுவையும் இல்லாமல், நிஜமாகவே போகிறவன் எப்படி நடப்பானோ அப்படி. மூன்றாவது அடியில் முதுகுக்குப் பின்னால் குரல் வந்துவிடும்: "இருய்யா, வா, உட்காரு." முப்பது வருஷ வியாபாரத்தில் நான்காவது அடிக்கு மேல் அவர் நடந்து யாரும் பார்த்ததில்லை.

இந்த ஆட்டத்தில் அவருக்கு ஒரு கூட்டாளி உண்டு. பதினோரு வயது இளைய தம்பி. அண்ணன் எழுந்து நடக்கும்போது தம்பி நகரக் கூடாது. பொருளை மடியில் அணைத்துக்கொண்டு, கடைக்காரர் முகத்தையும் அண்ணன் முதுகையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும். கடைக்காரர் கல்லாக இருந்துவிட்டால் மூன்றாவது அடியில் தம்பியே குரல் கொடுக்க வேண்டும்: "அண்ணே, கொஞ்சம் இரு." அந்தக் குரலுக்கு அண்ணன் திரும்பி, போனால் போகிறதென்று ஒரு விலைக்கு ஒத்துக்கொள்வார். தம்பியின் பள்ளிப் பை அப்படி வந்தது. சைக்கிள் அப்படி வந்தது. கல்லூரிக்குப் போகும்போது வாங்கிய பழைய கம்ப்யூட்டரும் அப்படித்தான். அன்று தம்பிக்கு மீசை முளைத்திருந்தது, கூச்சப்பட்டுக்கொண்டுதான் கூப்பிட்டான். ஆனாலும் கூப்பிட்டான்.

அந்தத் தம்பி வளர்ந்து ஒரு பெட்டி செய்தான். உள்ளங்கை அகலத்தில் வெள்ளைப் பெட்டி. பழம், பூ, மருந்து, மீன் என்று எதை வைத்திருக்கிற குளிர் அறையாக இருந்தாலும், சுவரில் அதை மாட்டிவிட்டால் போதும். உள்ளே சூடு இரண்டு பாகை ஏறினால் அண்ணன் தம்பி இருவர் போனிலும் மணி அடிக்கும். உடனே அண்ணன் கடைக்காரரைக் கூப்பிடுவார். "பதறாதீங்க. முதல்ல கதவைப் பாருங்க." பத்துக்கு ஒன்பது தடவை கதவுதான் காரணம். சுமை தூக்குகிறவர்கள் சாத்தாமல் போயிருப்பார்கள்.

பெட்டியைச் செய்தவன் தம்பி என்றால், நாற்பத்து மூன்று கடைகளில் அதை மாட்ட வைத்தது அண்ணன். கம்பெனி என்று பதிவு செய்து ஆளுக்குப் பாதி பங்கு எழுதிக்கொண்டார்கள். மாடியில் ஒரு அறை, இரண்டு மேசை, ஒரு சாலிடரிங் கருவி, சாயம் போன ஒரு திரைச்சீலை. மூன்றாவது வருஷம் கையிருப்பைப் பார்த்தபோது இன்னும் நான்கு மாதம்தான் தாங்கும் என்று தெரிந்தது. அதற்குள் யாராவது முதல் போட்டால் உண்டு. இல்லாவிட்டால் தம்பி எங்காவது சம்பளத்துக்குப் போக வேண்டும், பெட்டிகள் ஒவ்வொன்றாக ஊமையாகும்.

முதலீட்டு நிறுவனத்தில் அவர்களைப் பார்த்தது ஒரு பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடி எப்போதும் நெற்றியில் ஏறியிருக்கும், எழுதும்போது மட்டும் கீழே இறங்கும். வருஷத்துக்கு ஆயிரம் பேரைப் பார்த்து ஐந்து பேருக்குப் பணம் தருகிறவர் என்று தம்பி சொல்லி வைத்திருந்தான். தம்பி பதினான்கு படங்கள் போட்டுக் காட்டினான். அவர் படங்களைப் பார்த்ததைவிட இவர்கள் இருவரையும் பார்த்ததுதான் அதிகம்.

"போன வருஷம் எத்தனை கடை வேண்டாம்னு கழட்டினாங்க?"

"ஒண்ணு கூட இல்ல மேடம்," என்றான் தம்பி.

"விக்கிறது யாரு?"

"அண்ணன்."

"நீங்க எத்தனை வித்தீங்க?"

தம்பி நகத்தைப் பார்த்தான். "நான் போனா தண்ணி குடுத்து அனுப்பிடுவாங்க மேடம்."

அறையில் மூவரும் சிரித்தார்கள். அண்ணனுக்கு உச்சி குளிர்ந்தது. அந்தப் பெண்மணி சிரித்து முடித்துக் கண்ணாடியைக் கீழே இறக்கி ஒரு வரி எழுதியதை அவர் கவனித்தார், ஆனால் அதைத் தன் கணக்கில் வரவாக வைத்துக்கொண்டார்.

அவர்கள் கிளம்பும்போது பெண்மணி எட்டு வாடிக்கையாளர்களின் எண்களைக் கேட்டார். "கூப்பிட்டுப் பேசுவேன். நீங்க குடுக்காத நாலு பேரையும் நானே தேடிப் பிடிச்சுப் பேசுவேன். இது எங்க வழக்கம்."

அறையை விட்டு வெளியே வந்ததுமே அண்ணன் போனை எடுத்துவிட்டார். சம்பந்தம் பேச வருகிறவர்கள் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள் என்றால் அக்கம்பக்கத்தை முதலில் கவனிக்க வேண்டாமா? எட்டுப் பேரைக் கூப்பிட்டார். அந்த நாலு பேர் யாரென்று தெரியாததால் பாக்கி முப்பத்தைந்து பேரையும் கூப்பிட்டார். இரண்டு நாள் தொண்டை கட்டிப்போனது.

"ஒரு அம்மா கூப்பிடுவாங்க. நம்மளைப் பத்தி நல்லபடியா நாலு வார்த்தை சொல்லுங்க."

"உன்னைப் பத்திச் சொல்றதுக்கு நீ சொல்லித் தரணுமா?" என்றார் பழக்கடை மொத்த வியாபாரி. "போய் வேலையைப் பாரு. உன்னைத் தூக்கி எங்க வைக்கிறேன் பாரு."

மனைவி தேன் கலந்த வெந்நீரைக் கொண்டுவந்து வைத்தாள். "பெட்டியைப் பத்திச் சொல்லச் சொன்னீங்களா?"

"அதையும் சொல்வாங்க."

"உங்களைப் பத்தி மட்டும் சொன்னாங்கன்னா, அந்த அம்மா உங்களைச் சுவத்துல மாட்டிக்கிறதா?"

அவர் கையை ஆட்டி அவளைப் போகச் சொன்னார்.

பத்து நாள் கழித்து மறுபடி அழைப்பு வந்தது. அதே அறை, நீளமான மேசை, நடுவில் யாரும் தொடாத தண்ணீர்க் குப்பிகள். பெண்மணியின் முன்னால் பன்னிரண்டு தாள்கள் விசிறிபோல விரிந்திருந்தன.

"நான் இத்தனை வருஷத்துல இப்படி ஒரு நற்சாட்சி கேட்டதில்ல," என்றார் அண்ணனைப் பார்த்து. "பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேரும் ஒரே வார்த்தை. அவர் சொன்னா கண்ணை மூடிட்டு வாங்கலாம்."

அண்ணன் அடக்கமாகத் தலை குனிந்தார்.

"பெட்டி எப்படி இருக்குன்னு கேட்டேன். பெட்டி கிடக்குது, மனுஷன் தங்கம்னாங்க. ஒருத்தருக்கு அது எந்தச் சுவத்துல மாட்டியிருக்குன்னே தெரியல. இன்னொருத்தர், அது மணி பார்க்கிற கடிகாரம்னு நினைச்சுட்டு இருக்கார்."

தம்பியின் முகம் சுண்டிப்போனது. அண்ணன் குனிந்த தலையை இன்னும் நிமிர்த்தவில்லை, ஆனால் இப்போது வேறு காரணம்.

"தப்பா நினைக்காதீங்க," என்றார் பெண்மணி. குரலில் கடுமையே இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "உங்களுக்கு இருக்கிறது நாப்பத்து மூணு வாடிக்கையாளர் இல்ல, நாப்பத்து மூணு சிநேகிதம். நான் பணம் போட்டா நாலாயிரம் கடைக்குப் போகணும். அத்தனை கடையிலயும் நீங்க போய் உட்கார்ந்து டீ குடிக்க முடியுமா? பெட்டி தானா விக்குமான்னு எனக்குத் தெரியணும். நீங்க இருக்கிற வரைக்கும் அது தெரியாது. ஒரு எட்டு மாசம் நீங்க தொடாம வித்துக் காட்டுங்க. அப்புறம் பேசலாம்."

எட்டு மாதம். கையிலிருந்தது நான்கு.

அண்ணன் சந்தையில் வளர்ந்தவர். விலை படியாத இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அவருடைய கால்களுக்கே தெரியும். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

"எட்டு மாசம் எதுக்கு மேடம்? நான்தான் இடைஞ்சல்னா நான் விலகிக்கிறேன். தம்பியை வச்சு நடத்துங்க. இன்னைக்கே."

சொல்லிவிட்டு மேசையைச் சுற்றிக் கதவு பக்கம் நடந்தார். ஓட்டமும் இல்லை, இழுவையும் இல்லை. முதல் அடி. தரையில் விரிப்பு இருந்ததால் காலடிச் சத்தம் கேட்கவில்லை. இரண்டாவது அடி. அந்தப் பெண்மணி விலை இறங்கி வர வேண்டிய நேரம் இது. ஆறு மாசம் என்பார், இல்லாவிட்டால் பாதிப் பணம் இப்போது, பாதி பிறகு என்பார். மூன்றாவது அடி. அவர் கல்லாக இருந்தாலும் பரவாயில்லை, தம்பி இருக்கிறான். அண்ணே, கொஞ்சம் இரு.

பின்னால் பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

நான்காவது அடியில் கை கதவுக் கைப்பிடியில் பட்டது. திரும்பிப் பார்த்தார். பெண்மணியின் கண்ணாடி மூக்குக்கு இறங்கியிருந்தது. தம்பி தண்ணீர்க் குப்பியில் ஒட்டியிருந்த சீட்டை நகத்தால் கிழித்துக்கொண்டிருந்தான்.

"இவ்வளவு தெளிவா யோசிக்கிறவங்களை நான் அதிகம் பார்த்ததில்ல," என்றார் பெண்மணி. நிஜமாகவே மரியாதையோடு சொன்னார். அவருடைய உலகத்தில் சொன்ன வார்த்தைதான் விலை. சொன்னதை எழுதிக்கொள்வார்கள். "நீங்க முழுசா விலகிட்டா அந்த எட்டு மாசப் பரீட்சையை எங்க பணத்துலயே வச்சுக்கலாம். இந்த வாரமே ஒப்பந்தம் அனுப்பறேன். தம்பி, உங்களுக்குச் சம்மதமா?"

தம்பி கிழித்த சீட்டை மேசையில் வைத்தான். பிறகு குப்பியைப் பார்த்தபடியே சொன்னான்: "அண்ணன் சொன்னா சரிதான்."

மின்தூக்கி பதினொன்றாவது மாடியிலிருந்து இறங்க வெகுநேரம் எடுத்தது. இருவரும் எண்கள் மாறுவதையே பார்த்தார்கள். ஐந்து வந்தபோது தம்பி வாய் திறந்தான்.

"நீ நிஜமாத்தான் சொல்றேன்னு நினைச்சேண்ணே."

"நிஜமாத்தான் சொன்னேன்."

"இல்ல, உனக்கு..."

"நாலு மாசத்துல இழுத்து மூடுறதுக்கு இது எவ்வளவோ மேல். விடு."

தெருவுக்கு வந்ததும் தம்பி அவர் சட்டையின் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துவிட்டான். சிறு வயதில் அவன் அப்படிச் செய்ததில்லை. அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். பள்ளிப் பைக்குத் தெரிந்தது, சைக்கிளுக்குத் தெரிந்தது, இன்றைக்கு எப்படியடா தெரியாமல் போயிற்று என்று. ஆனால் கேட்டால் அவன் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக அவருக்குத் தெம்பு இல்லை.

மனைவி செருப்புச் சத்தத்திலேயே புரிந்துகொண்டாள். முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவன் கூப்பிடலையா?"

"கூப்பிட்டான்," என்றார் அவர். "நான்தான் திரும்பல."

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். நம்பியது போலவே உள்ளே போய்த் தட்டை எடுத்து வைத்தாள்.

ஒப்பந்தம் நாற்பது பக்கம். பங்கில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், மிச்சத்துக்கு ஒரு தொகை. இரண்டு வருஷத்துக்கு அந்த நாற்பத்து மூன்று கடைகளிலும் தொழில் பேசக் கூடாது. வக்கீல் அந்த வரியில் விரலை வைத்தபோது அண்ணன் சிரித்தார். "டீ குடிக்கலாமா?" குடிக்கலாம் என்றார் வக்கீல், சிரிக்காமல். அந்தத் தாள்களில் எதையும் பாதியாகக் குறைக்கும்படி அவர் கேட்கவில்லை. காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார்.

கம்பெனி வேறு கட்டடத்துக்குப் போனது. இருபது பேர் சேர்ந்தார்கள். பெட்டி தானாகவே விற்றது. அது உண்மை, அதை மறைப்பதற்கில்லை. தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான், அண்ணியிடம் பேசுவான், குழந்தைகளுக்கு ஏதாவது வாங்கி வருவான். தொழிலைப் பற்றி அவனும் சொல்லமாட்டான், இவரும் கேட்கமாட்டார்.

ஆனால் ஒரு விஷயத்தை எல்லோரும் மறந்திருந்தார்கள். மணி அடிக்க வேண்டிய எண்களில் அண்ணனின் எண்ணும் அப்படியே இருந்தது. பல் தேய்க்கும்போது அடிக்கும், பேரம் பேசும்போது அடிக்கும். பூக்கடை இரண்டு பாகை, மருந்துக் கிடங்கு மூன்று பாகை. ஒப்பந்தப்படி அவர் கூப்பிடக் கூடாது. கூப்பிடவும் இல்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு சூடு இறங்கும்வரை திரையில் தெரியும் பாகையையே பார்த்திருப்பார். இறங்கியதும் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். தம்பிக்கும் இந்நேரம் அடித்திருக்கும் என்று நினைத்துக்கொள்வார். ஒரே நேரத்தில் இருவரும் ஒரே கதவைப் பற்றி நினைக்கிறார்கள் என்பது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

ஏழாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை முழுக்க மணி அடிக்கவில்லை. புதனும் அடிக்கவில்லை. எல்லாக் கதவுகளும் ஒழுங்காகச் சாத்தப்படுகின்றன போலும் என்று வியாழன்வரை தன்னையே ஏமாற்றிக்கொண்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் பழக்கடை மொத்த வியாபாரியிடம் போனார்.

"வாய்யா. என்ன, முகம் ஒரு மாதிரியா இருக்கு?"

"ஒண்ணுமில்ல. உங்க குளிர் அறையைக் கொஞ்சம் பார்க்கட்டுமா?"

"பழம் திங்கணும்னா வெளியவே இருக்கே. சரி போ. கதவைச் சாத்திட்டு வா."

உள்ளே சுவரில் வெள்ளைப் பெட்டி இருந்தது, அவரே ஆணி அடித்து மாட்டியது. கொஞ்சம் சாய்ந்திருந்தது, அன்றும் அப்படித்தான். அவர் கதவை அகலத் திறந்து, முதுகால் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் போனை வைத்திருந்தார். வெளிச் சூடு அவரைத் தாண்டி உள்ளே போனது. கூடைகளின் மேல் ஈரம் மெல்லப் பனித்தது. பெட்டியில் எண் ஏறியது. ஒரு பாகை. ஒன்றரை. இரண்டு.

அவருடைய போன் அடிக்கவில்லை.

கடையின் போன் அடித்தது. வியாபாரி எடை போட்டுக்கொண்டிருந்ததால் அங்கிருந்தே கத்தினார்: "அதை எடுய்யா, உன் பெட்டிக்காரங்களாத்தான் இருக்கும்."

அவர் கதவுக்கு ஒரு கூடையை முட்டுக் கொடுத்துவிட்டுப் போய் எடுத்தார். தம்பியாக இருக்கலாம் என்று ஒரு நொடி தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"வணக்கம் சார்," என்றது ஒரு பெண் குரல். இளம் குரல், பழகிய குரல், ஒரு நாளில் நூறு தடவை இதையே சொல்கிற குரல். "உங்க குளிர் அறையில சூடு ஏறுது. பதறாதீங்க. முதல்ல கதவைப் பாருங்க."

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"சார்? கேக்குதா?"

"கேக்குதும்மா. கதவுதான் திறந்திருக்கு."

"சாத்திடுங்க சார். பத்துக்கு ஒன்பது தடவை கதவுதான்."

"ஆமா," என்றார் அவர். "ஒன்பது தடவை கதவுதான்."

"நான் யார்கிட்ட பேசறேன்னு எழுதிக்கணும் சார்."

பெட்டி இருக்கும் பக்கம் பார்த்தார். தராசுக்குப் பின்னால் வியாபாரி யாரையோ விலைக்காகத் திட்டிக்கொண்டிருந்தார். திட்டு வாங்கியவர் எழுந்து நடக்க ஆரம்பித்திருந்தார்.

"கடையில ஒருத்தர்னு போட்டுக்கோம்மா," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, கூடையை நகர்த்திக் கதவைச் சாத்தினார்.