இன்எஃபிஷியன்ட்

விடியுமுன்பே ரெங்கம்மா கீழ்க்காட்டில் பால் வெட்ட இறங்கிவிட்டாள். கத்தி பட்டையைச் சீவியது. ரப்பர் மரத்தில் பால் கசியவில்லை. பழுப்பாக ஒரு துளி நீர் இறங்கிச் சிரட்டையில் நின்றது. தொட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது. கல்லில் நார் உரிக்கிற வேலைதான்.

சுனாமிக்குப் பிறகு நிக்கோபாரில் கச்சால் தீவின் இந்தப் பக்கம் ஒரு குருவிகூட அடைவதில்லை. இலையற்ற மரங்களுக்கு அப்பால், கூட வெட்டிய ஜெயராணியின் மர நிரையில், பட்டை சீவும் சத்தம் கேட்டது. கடல் கொண்டுபோனவளின் நிரையில் யார் வெட்டப்போகிறார்கள்? ரெங்கம்மா கத்தியை நிறுத்தினாள். அதுவும் நின்றது. ஆனாலும் அடுத்த மரத்துக்குப் போனாள். கால் நசுங்கிய புருசனோடு எஸ்டேட் லயத்து அறையில் காலந்தள்ள இந்த வேலை வேண்டும்.

எடை போடுமிடத்தில் புது மேனேஜர் எட்டிப் பார்த்தார். பார்த்தது வாளியைத்தான், முகத்தை அல்ல. முந்தின நாள் கப்பலில் மெயின்லாண்டிலிருந்து வந்தவர்.

"இன்எஃபிஷியன்ட்," என்றார்.

மரம் கடல்நீர் குடித்த கதையைத் தெரிந்த இந்தியில் சொன்னாள்.

"நாச் ந ஜானே, ஆங்கன் டேடா," என்றார் அவர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அதே கதை; இந்த மாதிரிப் பழமொழிக்கு எந்த ஊரிலும் பஞ்சமில்லை. கணக்கேட்டின்படி போன வருஷம் ஜெயராணி என்றொருத்தி இதே காட்டில் வாளி வாளியாகக் கொடுத்திருக்கிறாளே என்றும் கேட்டுவிட்டுப் போனார்.

கணக்கப்பிள்ளை ராஜமாணிக்கத்திடம் கேட்டாள். "அண்ணே, அந்த வார்த்தைக்கு என்னா அர்த்தம்?"

"வேலைக்கு லாயக்கில்லன்னு. நாளைலருந்து ஒம் பேரக் கூப்புட வேணாமுன்னுட்டாரு."

"உப்புத்தண்ணி குடிச்ச மரத்துக்கும் அதானே சொல்லணும்?"

"மரத்துக்கு அப்புடிச் சொல்ல மாட்டாங்க புள்ள. ஆளுக்குத்தான்."

மறுநாள் இருட்டோடு பெரட்டுக்களத்தில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். ரெங்கம்மாவும் நின்றாள், வேறெங்கே போவாள்? ராஜமாணிக்கம் பேர் கூப்பிட்டான்.

"ஜெயராணி."

உடல் கிடைக்காததால் அவள் பேரை அடிக்க உத்தரவு வரவில்லை. தினமும் கூப்பிடுவான். கொஞ்ச நேரம் கடல் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு ரெங்கம்மாவின் பேர் வரும். இன்றைக்கு அது வராது.

"இருக்கேன்," என்றாள் ரெங்கம்மா.

பக்கத்தில் நின்ற வசந்தகுமாரி விலகிக்கொண்டாள். மேனேஜர் டீ கிளாசிலிருந்து தலை நிமிர்ந்தார்.

"ஓ, ஜெயராணி. அச்சா."

ராஜமாணிக்கத்தின் பேனா கொஞ்சம் தயங்கிவிட்டு ஜெயராணி பேருக்கு நேரே வருகைக் கோடு போட்டது.

அவள் ஜெயராணியின் நிரைக்கு இறங்கினாள். முதல் மரத்தில் பட்டை புதிதாகச் சீவியிருந்தது. கீழே சிரட்டையில் பழுப்பாக ஒரு துளி நீர் நின்றது.