மேல் தாழ்ப்பாள்

1

இருந்தவர்கள்:

கட்டிலில் ஜஹாங்கீர், வயது நாற்பத்திரண்டு. துறைமுகத்தில் சிக்னல்காரர். பதினான்கு மாதமாக வேலைக்குப் போகாதவர்.

அடுப்புப் பக்கம் அவர் மனைவி ஷரீஃபுன்னிசா.

வாசற்படிக்கு உள்ளே அவள் அண்ணன் அமீருதீன். வண்ணாரப்பேட்டையில் தோல் மண்டி வைத்திருப்பவர். பெருநாளுக்கு வாங்கிய தொப்பி இன்னும் புதுசாகவே இருந்தது.

கட்டிலின் கால்மாட்டில் தேசப்பன். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச்சு ஓட்டுகிறவன்.

தெருவில் ஒரு கைரிக்‌ஷா. அதன் நிழலில் அதை இழுக்கிறவர்.

கதவோரம் நான்.

வருஷம் 1953, டிராம் நின்றுபோன வருஷம். பக்ரீத் கழிந்த முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்த நேரம். ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் ஓர் அறை வீடு.

கடைசிப் பெயரை மூன்று முறை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். எழுதுகிறவன் கதைக்குள் நிற்பது எனக்குப் பிடிக்காது. ஆனால் நான் அங்கே வேடிக்கை பார்க்கப் போகவில்லை. ஜஹாங்கீரைத் தூக்கி ரிக்‌ஷாவில் வைக்க இன்னொரு ஆள் வேண்டும் என்று அமீருதீன் கேட்டார். ராத்திரி ஷிப்டை முடித்துவிட்டுப் பகலில் சும்மா கிடந்த பக்கத்து வீட்டுக்காரன் நான். போனேன். தூக்கப் போனவன் வெறுங்கையோடு திரும்பினேன். அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"கடல் அன்று ஜஹாங்கீரின் மனதைப் போலவே கொந்தளித்துக்கொண்டி

அங்கேயே நிறுத்திவிட்டேன். ஜஹாங்கீர் கடலைப் பார்த்த ஆள் இல்லை. இருபது வருஷம் துறைமுகத்தில் நின்றும் அவர் பார்த்தது கீழே, கப்பலின் வயிற்றுக்குள். சரக்கறையின் விளிம்பில் நிற்பார். உள்ளே சரக்கைக் கட்டுகிறவர்கள் அவர் கண்ணுக்குத் தெரிவார்கள். வின்ச்சு ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. அவன் பார்ப்பது சிக்னல்காரரின் கையை மட்டும். உள்ளங்கை மேலே பார்த்தால் 'அபேஸ்': தூக்கு. கீழே பார்த்தால் 'ஆரியா': இறக்கு. கை தப்பினால் கீழே இருப்பவன் தலை போகும்.

(ஊருக்குள் அபேஸ் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். அது பின்னால் வரும். கறுப்புச் சட்டை போட்ட கூலிகள் 'ஆரியா' என்று கேட்டால் "எறக்கு, எறக்கு, நல்லா எறக்கு" என்று சிரிப்பார்களாம். கதைக்கு இது தேவையில்லை. அடிக்க மனம் வரவில்லை.)

இருபது வருஷத்தில் ஜஹாங்கீர் கைக்குக் கீழே ஓர் ஆள் சாகவில்லை. இதை அவரே எல்லாரிடமும் சொல்லுவார். அடக்கமெல்லாம் அவரிடம் கிடையாது.

3

இரண்டாவது தொடக்கம்: "டாக்டர் செய்த தவறினால்

இதையும் அடித்தேன். தவறு யாருடையது, தவறுதானா என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான். இடுப்பிலிருந்து குதிகால் வரை வலி இழுத்து, அவரால் விளிம்பில் நிற்க முடியாமல் போயிற்று. முதுகெலும்பில் ஒரு வட்டு பிதுங்கியிருக்கிறது, திறந்து எடுத்தால் சரியாகும் என்றார்கள். திறந்தார்கள். அன்று சாயங்காலம் ஐரீன் என்ற நர்ஸ் போர்வையை விலக்கிக் கால் கட்டைவிரலை ஆட்டச் சொன்னாள்.

"ஆட்டிகினுதானேம்மா கீறேன்," என்றார் ஜஹாங்கீர்.

விரல் ஆடவில்லை. அவர் மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

ஐரீன் ஓடினாள். உள்ளே ரத்தம் கசிந்து, கட்டி, நரம்பை அழுத்தியிருந்தது. மறுபடி திறந்து எடுத்தார்கள். கால் வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

ஜஹாங்கீர் பத்தொன்பது நாள் யாரோடும் பேசவில்லை.

அந்தப் பத்தொன்பது நாளைப் பற்றி மூன்று பக்கம் எழுதிக் கிழித்தேன். எல்லாம் என் மனசாக இருந்தது, அவர் மனசாக இல்லை. அவர் பிற்பாடு சொன்னது ரொம்பக் கொஞ்சம். போர்வை நனைந்தது அவருக்குத் தெரியாது. பக்கத்துக் கட்டில்காரன் மூக்கைச் சுளிப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். அவர் கையைத் திருப்பினால் இரண்டு டன் எழும்பும். இப்போது ஒரு விரல் எழும்பவில்லை. சாகலாம் என்று நினைத்தாராம். அதற்கும் எழுந்து போக வேண்டுமே என்று விட்டுவிட்டாராம்.

இருபதாம் நாள் தேசப்பன் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தான். ஜஹாங்கீர் வாயைத் திறந்தார்.

"எவனோ என் கால அபேஸ் பண்ட்டான், தேசு."

தேசப்பன் அந்தக் கால்களைப் பார்த்தான்.

"ஊர்லதான் நைனா அபேஸ்னா திருட்டு. நம்ப பாசைல தூக்கறதாச்சே. தூக்கிட்டாப் போச்சு."

"போடா, கய்தே."

வசவுதான். ஆனால் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற ஷரீஃபுன்னிசா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

4

அவளைப் பொறுமையின் உருவமாகத்தான் முதலில் எழுதியிருந்தேன். தேசப்பனுக்குப் படித்துக் காட்டினேன்.

"யாரு, அந்தம்மாவா?" என்று சிரித்தான். "நல்லா வுட்டுகினு கீற."

அவன் சொன்னபடி மாற்றுகிறேன். நாலு மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த புதிதில் ஜஹாங்கீர் சோற்றுத் தட்டைச் சுவரில் எறிந்தார்.

"ஒன் அண்ணன் வூட்டுக்குப் போயிடு. என்னாண்ட இன்னா கீதுன்னு குந்திகினு கீற?"

அவள் தட்டை எடுத்துக் கழுவி, மறுபடி சோறு போட்டு, அவர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தாள்.

"எறியத் தெரியுதில்ல? கை நல்லாத்தான் கீது. நவுந்து வந்து துன்னுங்க."

நகர்ந்தார். அரை மணி நேரம் ஆயிற்று. வழியெல்லாம் அவள் அண்ணன், அப்பன், பாட்டன் எல்லாரையும் திட்டிக்கொண்டே நகர்ந்தார். அவள் பார்க்காத மாதிரி மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

மறுவாரம் தேசப்பன் உத்தரத்தில் ஒரு கப்பியை மாட்டினான். கயிற்றின் ஒரு முனை ஜஹாங்கீரின் கணுக்காலில், பழைய துணி சுற்றி. மறுமுனை தேசப்பன் கையில். தினமும் மூன்று மணிக்கு ஷிப்டு முடிந்து வருவான். ஜஹாங்கீர் உள்ளங்கையை மேலே திருப்பி "அபேஸ்" என்பார், இவன் இழுப்பான். கீழே திருப்பி "ஆரியா" என்பார், விடுவான். வலது ஐம்பது, இடது ஐம்பது. அந்தக் கூச்சலைக் கேட்டுத் தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். இந்த வரியை அடிக்காமல் விடுகிறேன்.

மூன்று மாதம் போயிற்று. ஒரு நாள் "ஆரியா" என்றார். வலது கால் மெதுவாக இறங்கி, குதிகால் பாயில் படிந்தது.

"இன்னிக்கித்தாண்டா ஒயுங்கா எறக்கன."

திரும்பிப் பார்த்தார். தேசப்பன் இரண்டு கையாலும் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டிருந்தான். கயிறு உத்தரத்திலிருந்து தொளதொளவென்று தொங்கியது.

"கவுறு எங்கையில இல்ல, நைனா," என்றான்.

5

இங்கே ஒரு விளக்கம். வலு வந்தது, உணர்ச்சி வரவில்லை. அப்படியும் ஆவதுண்டு என்றார் டாக்டர். இடுப்புக்குக் கீழே இருப்பது என்ன செய்கிறது என்று ஜஹாங்கீருக்கு உடம்பால் தெரியாது. கண்ணால் பார்த்தால்தான் தெரியும். குனிந்து பாதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நிற்பார், சுவரைப் பிடித்து அடி வைப்பார். பார்வை நகர்ந்தால் கால் போய்விடும். சரக்கறைக்குள் குனிந்து பார்த்த அதே குனிவு.

வீட்டில் சோற்றுக்கு வழி வேண்டும். ஷரீஃபுன்னிசா மிளகாய்க் கிடங்குக்கு வேலைக்குப் போனாள். வெளியே பூட்டிவிட்டுப் போக அவர் விடவில்லை.

"நான் இன்னா, கோடவுன்ல கீற மூட்டையா?"

உள்ளே தாழ்ப்பாள் போட அவரால் முடியாது. ஆகவே கதவு திறந்தே கிடந்தது. திறந்த கதவு வழியாகத் தெரு உள்ளே வந்தது: கஞ்சியோடு, துஆ ஓதலோடு, உச்சுக் கொட்டலோடு. அவர் சட்டையில்லாமல் இருந்தாலும், நனைந்து கிடந்தாலும் வந்தது. ஒரு மத்தியானம் எலியும் வந்தது. காலின் சுண்டுவிரலைக் கடித்துத் தின்றது. அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். சாயங்காலம் மனைவி வந்து ரத்தத்தைப் பார்த்து அலறிய பிறகுதான் அவருக்குத் தெரியும்.

அப்போதுதான் அமீருதீன் வந்தார். இவரை வில்லனாக்க மூன்று தடவை முயன்றேன். மாட்டேன் என்கிறார். அந்தச் சுண்டுவிரலைப் பார்த்து உட்கார்ந்து அழுத மனிதர் அவர்.

"மச்சான், சொந்த வூட்டுக் கதவ சாத்திக்க ஒங்களால முடியல. எங்கூட வந்துடுங்க. பின்கட்டுல ரூம் கீது. ராஜா மாதிரி படுத்துகினு கெடக்கலாம்."

"கெடக்கறதுக்கு ராஜா எதுக்கு?" என்றார் ஜஹாங்கீர். "கதவ சாத்திட்டா?"

"மேல் தாப்பாவ நின்னு போடுங்க. அப்பால நான் வாயே தொறக்க மாட்டேன்."

"பக்ரீத் முடியட்டும். மொத வெள்ளிக்கிய்ம வா. போடலன்னா நானே ரிக்‌ஷால ஏறிடறேன்."

(அந்தக் கதவின் கீழ்த் தாழ்ப்பாள் உப்புக்காற்றில் எப்போதோ உதிர்ந்துவிட்டது. கை எட்டும் உயரத்தில் புதிதாக ஒன்று அடித்தால் தீர்ந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். தேசப்பனும் கேட்டான். கிடைத்த பதிலை அச்சில் போட முடியாது.)

சிக்கல் என்னவென்றால், மேல் தாழ்ப்பாள் நிலையை ஒட்டி, தலைக்கு மேலே இருந்தது. அதைப் போட நிமிர்ந்து பார்க்க வேண்டும். நிமிர்ந்தால் கால் போய்விடும். தேசப்பன் பின்னால் நின்று பிடிக்க, பதினோரு தடவை ஒத்திகை பார்த்தார்கள். பதினோரு தடவையும் விழுந்தார்.

6

வெள்ளிக்கிழமை. இருந்தவர்கள் பட்டியல் மேலே.

அமீருதீன் மெல்ல ஆரம்பித்தார். "வாணாம் மச்சான். ஒடம்பு ஒத்துக்கலன்னா அது ஒண்ணும் கேவலம் இல்ல. நேரா ரிக்‌ஷாவுக்கு—"

"எல்லாரும் வெளிய போங்க."

"தனியாவா?" தேசப்பன் எழுந்தான். "நைனா, நான் பின்னாலயாவது—"

"புடிக்க ஆள் கீதுன்னா இந்தக் கால் டபாய்க்கும். எனக்குத் தெரியும். போ."

"சிக்னலாவது குடுக்கறேன்."

"வின்ச்சும் நான்தான், சிக்னலும் நான்தான். போடா."

கட்டிலிலிருந்து எழுந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் எழுந்து நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இவ்வளவு உயரமான ஆள் என்பது மறந்தே போயிருந்தது. தலை கவிழ்ந்திருந்தது, கண் பாதத்தில். ஓர் அடி. நின்றார். இன்னோர் அடி. நடக்க நடக்க நாங்கள் பின்வாங்கினோம். வாசல் வழியாக அமீருதீன் போனார், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. தேசப்பன் பின்பக்கமாகவே நடந்து படியில் தடுக்கினான். ஷரீஃபுன்னிசா அடுப்பிலிருந்து பானையை இறக்கிவைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள்.

"சீக்கிரம் தொறங்க. சோறு ஆறிடும்," என்றாள் போகும்போது.

நான் அசையவில்லை. பிடிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேனோ, பார்க்க வேண்டும் என்று நினைத்தேனோ. இரண்டும் ஒன்றல்ல. எதுவென்று இன்றைக்கும் தெரியாது.

ஒன்பதாவது அடியில் அவர் கதவைப் பிடித்தார். தலை நிமிராமல் என் பாதங்களைப் பார்த்துச் சொன்னார்:

"நீ இன்னா நிக்கற? தூக்கவா வந்த? இங்க தூக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. போ."

7

எனக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் சத்தம் வரவில்லை.

தெருவில் ஐந்து பேர் நின்றோம். உள்ளே மூச்சு மட்டும் கேட்டது. கதவை உடைக்கத் தோதாக அமீருதீன் தோளைத் திருப்பி நின்றார். ஷரீஃபுன்னிசா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

இந்த இடைவெளிக்குள் நான் எழுதிவைத்த முடிவுகள்:

அ) அவர் நிமிர்ந்து பார்க்கிறார், விழுகிறார். கதவை உடைக்கிறோம். ரிக்‌ஷா. இதை எழுதியபோது எனக்கே நம்பும்படியாக இருந்தது. அதனால்தான் இதன்மேல் எனக்குச் சந்தேகம்.

ஆ) காலில் திடீரென்று உணர்ச்சி வருகிறது. அவர் அழுகி

(இதை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் வைத்துக்கொள்ளுங்கள்.)

இ) அவர் நிமிரவே இல்லை. கண் பாதத்திலேயே இருக்க, கை மட்டும் தலைக்கு மேலே, பார்க்காமல், பத்து வருஷம் போட்டுப் பழகிய இரும்பைத் தேடிப் போகிறது. சரக்கைப் பார்க்காமல் வின்ச்சு ஓட்டுகிற தேசப்பனைப் போல.

எது நடந்தது என்று அவரைப் பிறகு கேட்டேன். "கதவ எதுக்குடா சாத்தனேன்?" என்றார். அவ்வளவுதான். நீங்களும் என்னோடு தெருவில்தான் நிற்கிறீர்கள். மூன்றில் ஒன்றையோ, நாலாவதாக வேறொன்றையோ நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே நடந்தது எனக்கும் கிடையாது, உங்களுக்கும் கிடையாது. எனக்குத் தெரிந்தது சத்தம் மட்டும்.

தேசப்பன் கதவைப் பார்த்தபடி வலது உள்ளங்கையை மேலே திருப்பிப் பிடித்திருந்தான்.

மரத்தில் ஒரு தோள் சாய்ந்தது. ஏதோ உரசியது, நின்றது, மறுபடி உரசியது. பிறகு துருப்பிடித்த இரும்பு கிறீச்சிட்டு, மேலே ஏறி, நிலைத் துளைக்குள் போய் நின்றது.