காதுக்கு ஒரு அளவு

டெய்லர் இடுப்பை அளந்தால் வாயால் சொல்வது ஒன்று, துணியில் வெட்டுவது ஒன்று. கடை திறந்த புதிதில் ஒருவரிடம் உள்ளதை உள்ளபடி நாற்பது என்று சொல்லித் தொலைத்தான். அந்த மனிதர் துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்த தெரு டெய்லரிடம் போய்விட்டார். அங்கே முப்பத்தேழு என்றார்களாம். அன்றே இவனுக்குத் தொழில் பிடிபட்டது. துணிக்கு ஒரு அளவு, காதுக்கு ஒரு அளவு. சாதாரண ஆளுக்கு இரண்டு அங்குலம் தள்ளுபடி. வேண்டியவர்களுக்கு மூன்று. மச்சானுக்கு நான்கு.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். எதிரே இரும்புக்கடை வைத்திருந்தார். மனைவி இறந்துபோன பிறகும் அவர் வீட்டிலிருந்து வரும் மத்தியானச் சாப்பாட்டு கேரியர் நிற்கவில்லை. அதற்கு நன்றி சொல்ல டெய்லருக்கு வாய் வராது. ஆகவே நான்கு அங்குலம்.

யாருக்கும் கெடுதல் இல்லாமல் இது ஓடிக்கொண்டிருந்தபோதுதான் சுகாதார அலுவலகத்திலிருந்து நர்ஸம்மா வந்தார். பெரிய ஆஸ்பத்திரி இரண்டு பஸ் தள்ளி இருந்தது. போனால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் இந்தத் தெருக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனால்தான் அங்கே போவார்கள். இவர்கள் ஆஸ்பத்திரிக்கு வராவிட்டால் ஆஸ்பத்திரி இவர்களிடம் வரட்டும், அதுவும் இவர்கள் எப்படியும் போகிற கடைகளுக்கே வரட்டும் என்று அலுவலகத்தில் முடிவு செய்திருந்தார்கள். சலூன்காரரிடம் பிரஷர் பார்க்கும் மெஷின். கழுத்தில் கத்தி இருக்கும்போது யாரும் எழுந்து ஓட மாட்டார்கள். டெய்லரிடம் ஒரு புது டேப். முப்பத்தாறு அங்குலம் வரை பச்சை, அதற்கு மேல் சிவப்பு. சிவப்பில் விழுகிறவருக்கு ஒரு சிவப்புச் சீட்டுக் கொடுக்க வேண்டும். மாதம் ஒரு முறை தெருக்கோடிக்கு வேன் வரும். சுகர் சோதனை, மருந்து, எல்லாம் இலவசம்.

"உங்ககிட்டதான் எல்லாரும் இடுப்பக் காட்டுறாங்க. எங்ககிட்ட வயித்துவலின்னு வந்தாக்கூட சட்டையத் தூக்க மாட்டேங்கறாங்க" என்றார் நர்ஸம்மா. கூடவே, சர்க்கரை வந்தவன் எப்படித் தண்ணீர் குடிப்பான், எத்தனை தடவை ஒதுங்குவான், எப்படித் திடீரென்று இளைப்பான் என்றெல்லாம் விளக்கினார். டெய்லர் ஊசியில் நூல் கோத்தபடி தலையாட்டினான்.

முதல் ஆளாக வாத்தியார் வந்தார். டேப் முப்பத்தேழு என்றது. வாய் பழக்கதோஷத்தில் முப்பத்தைந்து என்றது. முப்பத்தைந்து என்று சொன்ன வாயோடு சிவப்புச் சீட்டை எப்படி நீட்டுவது? அன்றிலிருந்து டேப்பின் நிறம் உள்ளே, தொப்பைப் பக்கம் போகும்படி திருப்பிப் போட்டு அளந்தான். சீட்டுக்கட்டு ரப்பர் பேண்டு கழற்றாமல் டிராயரில் கிடந்தது.

சலூனிலோ வேறு கதை. சலூன்காரர் வாயைத் திறந்தால் எவனுக்கும் பிரஷர் ஏறும். உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் அதிகம் காட்டியதால், மெஷின் கெட்டுவிட்டது என்று அலுவலகத்தில் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

சில மாதம் கழித்து நர்ஸம்மா மறுபடி வந்தார். ரப்பர் பேண்டைப் பார்த்தார்.

"உங்க தெருவுல ஒரு தொப்பைகூட இல்லன்னு மீட்டிங்ல கை தட்டினாங்க. அதனால வேன் இனிமே வேற பக்கம் போகுது. நாளைக்குக் கடைசி."

டெய்லர் வாசலைப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து நாலைந்து தொப்பைகள் தெருவைக் கடந்துகொண்டிருந்தன. நர்ஸம்மாவும் பார்த்தார்.

"எனக்கும் கண்ணு இருக்கு. ஆனா ஆபீஸ்ல சீட்டைத்தான் நம்புவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் மச்சான் வந்தார். ஒரு கையில் தண்ணீர் பாட்டில். இன்னொரு கை பேன்ட்டைப் பிடித்திருந்தது. நேராக ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். அந்த வரிசைக் கடைகளுக்கெல்லாம் கக்கூஸ் ஒன்றுதான், சாவி டெய்லர் கடையில்தான். சமீப காலமாக அந்தச் சாவி ஆணியில் இருந்ததைவிட மச்சான் கையில் இருந்ததுதான் அதிகம். திரும்பி வந்தவர், பெஞ்சில் உட்கார்ந்திருந்த வாத்தியாரையும் சலூன்காரரையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு பஞ்சாயத்தைத் தொடங்கினார்.

"மாப்பிள்ள, தப்பா நெனைக்காத. என் தங்கச்சி போனதிலேர்ந்து உன் கை நிதானத்துல இல்ல. நீ தச்ச எல்லாப் பேன்ட்டும் லூஸு. கடையில சாமான் எடுக்கக் கையத் தூக்கினா மானம் போகுது."

டெய்லர் அளந்தான். முப்பத்தைந்து. நம்பாமல் மறுபடி அளந்தான். அதே முப்பத்தைந்து. இத்தனை வருடம் அவன் சொல்லிவந்த பொய்யிடம் உடம்பு தானே இறங்கி வந்து சேர்ந்திருந்தது. அளந்து முடிப்பதற்குள் மச்சான் பாட்டிலில் பாதியைக் காலி செய்தார்.

நாளை வேனில் ஒரு சோதனை செய்துகொள்ளச் சொன்னான். மச்சான் டேப்பைப் பிடுங்கி, நிறம் தெரியும்படி திருப்பி, பெஞ்சுக்குக் காட்டினார்.

"செவப்புன்னாத்தானே போகணும்? நான் பச்சை. அன்னைக்கும் முப்பத்தஞ்சு, இன்னைக்கும் முப்பத்தஞ்சு. ஆள் மாறல. தையல்தான் மாறியிருக்கு."

சலூன்காரர் இதுதான் சமயம் என்று தன் சட்டைக் காலரைப் பற்றிச் சொன்னார். வாத்தியாருக்கு ஒரு ஜிப் ஞாபகம் வந்தது.

தையல்தான் தப்பு என்று தலையாட்டிவிட்டு, பேன்ட் இடுப்பை இன்னொரு தடவை பிடித்துத் தைத்துக் கொடுத்தால் போதும். மச்சான் சிரித்துக்கொண்டே போய்விடுவார். ஒன்றுமில்லை, சும்மா தலைவலிதான் என்று அவர் தங்கையும் இதே மேஜைக்குப் பக்கத்தில் நின்றுதான் சொன்னாள். அன்றும் அவன் தலையாட்டினான்.

"மச்சான், தையல் சரி. அளவுதான் பொய். நீங்க எப்பவும் முப்பத்தொம்பது. இப்பதான் முப்பத்தஞ்சு ஆயிருக்கீங்க."

டெய்லர் மச்சானின் பழைய பேன்ட் ஒன்றை மேஜையில் விரித்து டேப்பை வைத்தான். முப்பத்தொன்பது. மச்சான் அதை யாரோ மூன்றாம் மனிதனின் பேன்ட்டைப் போலப் பார்த்தார்.

"அப்ப நாலு அங்குலம் எங்க போச்சு?"

"அதத்தான் நாளைக்கு வேன்ல கேக்கணும்."

பெஞ்சிலிருந்து வாத்தியார் மெதுவாகக் கேட்டார்: "அப்ப நான்?"

டெய்லர் கத்தரிக்கோலைத் துடைக்க ஆரம்பித்தான்.

சலூன்காரர் காதில் விழுந்தது தெருவின் காதில் விழ எவ்வளவு நேரம் ஆகும்? சாயங்காலத்துக்குள் மச்சான் கடையிலிருந்த இரும்பு டேப்புகள் மொத்தமும் விற்றுப்போயின. ஆளாளுக்கு வீட்டில் அளந்து பார்த்துவிட்டு, சட்டையைச் சொருகாமலே டெய்லர் கடைக்கு வந்தார்கள். அடுத்த தெருவுக்கே போகிறேன் என்று ஒருவர் கத்தினார். அங்கேயும் இதே கதைதான் என்று இன்னொருவர் அழுதுகொண்டே சொன்னார். ஒருவர் போலீசுக்குப் போவேன் என்று மிரட்டினார், என்ன புகார் கொடுப்பது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. டெய்லர் சீட்டுக்கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றினான். திட்டி முடித்தவர் கையில் ஒரு சிவப்புச் சீட்டு.

மறுநாள் வேன் முன்னால் நின்ற வரிசை தெருமுனை திரும்பியது. பாதி பேர் சோதனைக்கு வந்தார்கள், மீதிப் பேர் பக்கத்து வீட்டுக்காரனுக்கு எவ்வளவு என்று பார்க்க வந்தார்கள். அவர்களையும் நர்ஸம்மா விடவில்லை. சுகர் மெஷினுக்கு ரத்தம் தொடும் பட்டை மதியத்துக்குள் தீர்ந்தது. இன்னும் வேண்டும் என்று அலுவலகத்துக்கு போன் போட்டார். ஒரே நாளில் எப்படி இத்தனை தொப்பை என்று அங்கே கேட்டார்கள் போலிருக்கிறது.

"நேத்துதான் சார் அளந்தாங்க" என்றார்.

மச்சான் முறை வந்தது. மெஷின் எண்ணே காட்டவில்லை. தன்னால் எண்ண முடிகிற அளவைத் தாண்டிவிட்டது என்று மட்டும் காட்டியது. நர்ஸம்மாவின் முகத்தில் அதுவரை இருந்த சிரிப்பு போய்விட்டது. மச்சானை வேனிலேயே ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னார். டெய்லர் கடையை இழுத்துச் சாத்திவிட்டுத் தானும் ஏறிக்கொண்டான்.

வழியில் மச்சான் ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல்லயே சொல்லியிருந்தா என்ன?"

"கோவிச்சுப்பீங்கன்னுதான்."

"இப்பவும் கோவமாத்தான் இருக்கேன்."

"இருங்க மச்சான். இருந்தாப் போதும்."

அதற்குப் பிறகும் வேன் வருவது நிற்கவில்லை. மாதாமாதம் வருகிறது. சலூன்காரரிடம் பிரஷர் மெஷினைத் திருப்பிக் கொடுத்தார்கள், பார்த்து முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. அதில் அவருக்கே பிரஷர் ஏறுவதாகக் கேள்வி. டெய்லர் இப்போதெல்லாம் டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்கும்போதே கேட்டுவிடுகிறான்: பழைய கணக்கா, புதுக் கணக்கா? முக்கால்வாசிப் பேர் பழைய கணக்கைத்தான் கேட்கிறார்கள். அதைக் காது குளிரக் கேட்டுவிட்டு, சிவப்புச் சீட்டைச் சத்தமில்லாமல் பையில் போட்டுக்கொள்கிறார்கள்.

ஊசியும் மாத்திரையுமாகச் சில மாதம் போனபின் ஒரு காலையில் மச்சான் புதுத்துணியோடு வந்தார். கையை விரித்து நின்றார். இரண்டு கையும் விரிந்திருந்தன, பேன்ட் தானாகவே நின்றது. டெய்லர் அளந்தான்.

"முப்பத்தேழு."

"எந்தக் கணக்கு?"

"புதுக் கணக்கு."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் இடுப்பு பெருத்ததற்கு டெய்லர் சந்தோஷப்பட்டான். அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் சீட்டைக் கிழித்து நீட்டினான். மச்சான் முறைத்தார். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கேரியரை மேஜைமேல் வைத்துவிட்டு, தெருவைக் கடந்து கடைக்குப் போனார்.

மத்தியானம்வரை சாவி ஆணியிலேயே தொங்கியது.