லிண்டாவுக்கு மட்டும் புரியாத கதை

1.

இந்தக் கதை எனக்கு ஒரு ரொட்டிக் கடை வரிசையில் கிடைத்தது. சான் அன்டோனியோவில் எங்கள் தெருமுனைக் கடை. வேண்டிய பன்னை நாமே இடுக்கியால் எடுத்துத் தட்டில் அடுக்கிக்கொண்டு கல்லாவுக்குப் போக வேண்டும். எனக்கு முன்னால் நின்ற பெண்மணிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். கல்லாவில் இருந்த பெண் ஸ்பானிஷில் அவளைக் கேட்டாள்: "பையில போடட்டுமா, பெட்டியில போடட்டுமா?"

பெண்மணி விழித்தாள். காது மடல் சிவந்துவிட்டது. பின்னாலிருந்து நான்தான் ஸ்பானிஷில் "பெட்டி" என்றேன். (அவள் தட்டில் கிரீம் வைத்த பன் இருந்தது. பையில் போட்டால் நசுங்கிவிடும்.) கல்லாப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஸ்பானிஷ் பேச வேண்டிய முகம் பேசாமல் நிற்கிறது. திருநெல்வேலிக்காரன் பதில் சொல்கிறான்.

நடந்தது அவ்வளவுதான். அவள் பெட்டியோடு போய்விட்டாள். மிச்சமெல்லாம் என் கற்பனை.

2.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"வீடு துடைக்கும் வேலைக்குப் போகும் லிண்டா கந்தூ, பொழுது விடிவதற்குள்—"

"மிளகாய் வறுக்கும் நெடியும் கிதார் ஒலியும் நிறைந்த அந்தப் பெரிய குடும்பத்தில்—"

"கோபம் வந்தால் லிண்டாவின் கண்கள்—"

மூன்றையும் அடித்துவிட்டேன். ரொட்டிக் கடைப் பெண்மணியிடம் துடைப்பமும் இல்லை, கிதாரும் இல்லை. பிறகு ஏன் என் கை அதையே எழுதுகிறது? வேலைக்காரி, தோட்டக்காரன், போதைமருந்து விற்பவன், இடுப்பை ஆட்டும் அழகி. டிவியில் இந்த நால்வரைத் தவிர மெக்சிகோ வழி வந்த மக்களில் வேறு யாரும் பிறப்பதேயில்லை. பாதிக்கு மேல் அவர்களே வாழும் ஊரில் உட்கார்ந்து எழுதினாலும், பேனா தெருவைப் பார்ப்பதற்குள் டிவியைப் பார்த்துவிடுகிறது. (வடக்கே எடுத்த படத்தில் நெற்றி நிறைய பட்டையும் வாய் நிறைய "ஐயோ"வுமாக ஒரு தமிழன் வந்துபோகும்போது நமக்கு எப்படி இருக்கும்? அதேதான்.)

ஆகவே லிண்டாவுக்கு வேறு வேலை கொடுக்கிறேன்.

3.

லிண்டா கந்தூ இன்சூரன்ஸ் கம்பெனியில் இருக்கிறாள். ஆலங்கட்டி மழை கொட்டிய மறுநாள் ஏணியோடு போய்க் கூரைமேல் ஏறி, சேதத்தைப் பார்த்து, எவ்வளவு இழப்பீடு என்று முடிவு செய்பவள் அவள்தான். வீட்டுக்காரர்களுக்கு இது உடனே விளங்குவதில்லை. வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் அவளை வாசலில் நிறுத்திவிட்டுப் போனில், "கூலியாள் வந்தாச்சு. ஆபீசரைத்தான் இன்னும் காணோம்" என்றார். விஷயம் தெரிந்ததும் அவருக்கு ஒரேயடியாக அன்பு பெருகிவிட்டது.

"இங்கிலீஷ் ரொம்ப நல்லாப் பேசுறீங்களே! எந்த ஊரு நீங்க?"

"இந்த ஊருதான்."

"அது சரி. அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி எங்கம்மா வயித்துல."

கூரைமேலே வேறு கதை. ஓடு மாற்றும் ஆட்கள் அவளைப் பார்த்ததும் நம்ம ஆள் என்று ஸ்பானிஷில் ஆரம்பிப்பார்கள். அவள் கையை விரித்ததும் ஒருவன் மற்றவனிடம் சொல்வான்: "நெத்தியில கள்ளிச்செடியே மொளைச்சிருக்கு. வாயத் தொறந்தா ஒண்ணுத்தையும் காணோமே!" (நெற்றியில் கள்ளிச்செடி என்றால், பார்த்ததுமே மெக்சிகோக்காரி என்று தெரியும் முகம்.) எல்லோரும் சிரிப்பார்கள். கள்ளிச்செடி என்ற சொல்லை மட்டும் அவள் பழக்கத்தில் தெரிந்துவைத்திருந்தாள். அதைக் கேட்டால் சிரிப்பது தன்னைப் பற்றித்தான் என்று புரிந்துகொள்வாள்.

கீழே நிற்பவர்களுக்கு அவள் அந்நியம். மேலே நிற்பவர்களுக்கும் அந்நியம். ஏணியில்தான் அவளுக்கு நிம்மதி என்று ஒரு வரி எழுதினேன். ரொம்ப அழகாக இருந்ததால் சந்தேகம் வந்து—

4.

அவளுக்கு ஏன் மொழி வரவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அம்மா எர்மீனியா சிறுமியாக இருந்தபோது, டெக்சாஸில் பள்ளிக்கூட வளாகத்துக்குள் ஸ்பானிஷ் பேசினால் அடி விழும். எர்மீனியா வாங்கியது பலகையடி, எல்லோர் முன்னாலும். அழுக்குப் பிள்ளைகள், மந்தப் பிள்ளைகள், எப்படியும் பருத்திக் காட்டுக்குப் போகப்போகிறவர்கள் என்று அந்த டீச்சர்கள் நம்பினார்கள். நம்பியதை அந்தப் பிள்ளைகள் காதுபடவே சொன்னார்கள். எர்மீனியா ஒரு முடிவெடுத்தாள். தன் மகள் மேல் யாரும் கை வைக்கக் கூடாது. லிண்டா பிறந்த நாளிலிருந்து அந்த வீட்டில் மகளிடம் இங்கிலீஷ் மட்டும்தான்.

அந்த இங்கிலீஷில் எர்மீனியா சிக்கனமான மனுஷி. "சாப்பிடு." "பார்த்துப் போ." "வீட்டுப்பாடம் முடிஞ்சுதா?" ஒவ்வொரு வாக்கியத்தையும் தப்பிருக்கிறதா என்று சோதித்த பிறகே வெளியே விடுவாள். மாலையில் லிண்டாவின் அப்பா வேலை முடிந்து வந்ததும் இருவரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். உள்ளே ஸ்பானிஷ். கொஞ்ச நேரத்தில் அம்மா சிரிப்பாள், மூச்சு வாங்குமளவு. லிண்டா கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து கேட்பாள். தன்னோடு இருக்கும்போது அம்மா ஒருமுறைகூட அப்படிச் சிரித்ததில்லை.

5.

போன மார்ச்சில் எர்மீனியாவுக்குப் பக்கவாதம் வந்தது. (எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன், என் கற்பனையில் நான் கட்டியதுதான்.) அப்பா காலமாகிப் பல வருஷம். கண் விழித்தபோது வலது கையோடு இங்கிலீஷும் போயிருந்தது. ஸ்பானிஷ் மட்டும் முழுசாக மிஞ்சியிருந்தது.

நர்ஸ் லிண்டாவைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டாள். "நல்லவேளை வந்தீங்க! அம்மா என்ன கேக்குறாங்கன்னு சொல்லுங்க."

"எனக்கு ஸ்பானிஷ் தெரியாது."

நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்தாள், கதவிலிருந்த பெயரைப் பார்த்தாள். "விளையாடாதீங்க" என்றாள்.

இங்கே எனக்கு ஒரு இடைஞ்சல். எர்மீனியா ஸ்பானிஷ் பேசுகிறாள், லிண்டா இங்கிலீஷ் பேசுகிறாள், நான் இரண்டையும் தமிழில் எழுதுகிறேன். உங்களுக்கு எல்லாமே புரியும். புரியாமல் நிற்பவள் லிண்டா ஒருத்திதான். இதைச் சரிசெய்ய வழி தேடினேன். கிடைக்கவில்லை. அப்படியே விடுகிறேன்.

6.

ஸ்பானிஷில் எர்மீனியா வேறு ஆள்.

உயரமான ஒரு இளைஞன் அவளைப் பிடித்து நிற்கவைத்துப் பயிற்சி கொடுக்க வருவான். அவன் கைத்தாங்கலாகத் தூக்கியதும் அவள் வார்டு உதவியாளர் செலோவிடம் சொன்னாள்: "இந்தத் தூக்குத் தூக்குறான் பாரு. என் வீட்டுக்காரர் இதுல பாதி தூக்கியிருந்தா, என் மகளுக்குப் பின்னாடி ஆறு பேரு பொறந்திருப்பாங்க." செலோ சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். தரை துடைக்க வந்தவர் சிரித்தார். மதியத்தில் ஜெல்லி வந்தால், "இது என்னைவிட நடுங்குது. இதைப் படுக்க வை, நான் எந்திரிச்சுப் போறேன்" என்பாள்.

(ஆறு பேர் என்ற நகைச்சுவை, "அவர்கள் என்றாலே நிறையப் பிள்ளைகள்" என்ற பழைய பேச்சுக்குத் தீனி போடுமோ என்று யோசித்தேன். பிறகு விட்டுவிட்டேன். தன் கட்டிலைப் பற்றி எர்மீனியா எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.)

"என்ன சொன்னாங்க?" என்று லிண்டா கேட்பாள்.

"ஐயோ, இங்கிலீஷ்ல சொன்னா அது வராதுங்க" என்பாள் செலோ, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

லிண்டாவும் சிரித்துவைப்பாள், எல்லோருக்கும் பிறகு. வாழ்நாளெல்லாம் அவள் கேட்க ஆசைப்பட்ட சிரிப்பு இப்போது கதவு திறந்த அறையில் கேட்கிறது. ஆனாலும் அவள் வெளியேதான் இருந்தாள்.

7.

தினமும் அவள் கிளம்பும் நேரத்தில் எர்மீனியா சிரிப்பை நிறுத்திவிட்டு மகளின் கையைப் பிடித்து ஒரு கேள்வி கேட்பாள். கேள்விதான் என்பது குரல் ஏறுவதில் லிண்டாவுக்குத் தெரியும். அவளிடம் இருந்ததோ ஒன்றிரண்டு சொற்கள்.

"என் மேல ஒனக்குக் கோவமா, மகளே?"

"ஆமாம்மா" என்பாள் லிண்டா ஸ்பானிஷில். சொல்லிவிட்டு அம்மா நெற்றியில் முத்தம் கொடுப்பாள்.

எர்மீனியா மெல்லத் தலையாட்டிக் கண்ணை மூடிக்கொள்வாள். மறுநாளும் இதே கேள்வி. இதே பதில், இதே முத்தம்.

8.

முதல் பிரதியில் செலோ வாயைத் திறக்கவில்லை. லிண்டாவுக்குக் கடைசிவரை தெரியாமலே போனது. படித்துப் பார்த்தேன், கதை கச்சிதமாக இருந்தது. இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. இப்படி ஒரு விஷயத்தைக் கேட்டுக்கொண்டு ஒருத்தி படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருப்பாளா? செலோவை எனக்கு அவ்வளவு மோசமாகவா தெரியும்?

ஐஸ் எடுக்கும் மெஷின் பக்கத்தில் செலோ அவளை நிறுத்தினாள்.

"அம்மா தினமும் ஒங்களை என்ன கேக்குறாங்க தெரியுமா?"

"நாளைக்கு வருவியான்னுதானே?"

"கோவமான்னு கேக்குறாங்க. அவங்க மேல."

லிண்டா கையில் பிடித்திருந்த கப்பிலிருந்து ஐஸ் வழிந்து தரையில் உருண்டது.

"நீங்களும் தினமும் ஆமாங்குறீங்க. போங்க, உள்ள போய் இல்லன்னு சொல்லிட்டு வாங்க. இல்லங்கிறதுக்கு ரெண்டு பாஷையிலயும் 'நோ'ங்கிற ஒரே வார்த்தைதானே, அக்கா!"

லிண்டா நகரவில்லை. "கோவம் இருக்கே, செலோ" என்றாள்.

செலோ குனிந்து உருண்ட ஐஸைப் பொறுக்கினாள்.

"எல்லாரும் அவங்களோட சிரிக்கிறாங்க. துடைக்க வர்றவரு சிரிக்கிறாரு. நான் மக. எனக்கு 'பார்த்துப் போ'தான் கெடைச்சுது. என்னைக் காப்பாத்தத்தான் செஞ்சாங்க, தெரியும். ஆனா காப்பாத்துனதுல அவங்களே எனக்கு இல்லாமப் போயிட்டாங்களே. இதுக்குக் கோவம்னு சொல்றதா, வேற ஏதாவது பேர் இருக்கா?"

செலோ யோசித்து ஒரு வாக்கியத்தைச் சொன்னாள். இருவரும் மெஷின் பக்கத்திலேயே நின்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்கள். தமிழில் அது, "நீ இல்லாத குறை எனக்கு." (குறை என்றால் நமக்கு இல்லாமையும் உண்டு, மனத்தாங்கலும் உண்டு. செலோ கொடுத்த ஸ்பானிஷ் சொல்லிலும் கிட்டத்தட்ட அப்படியே. இந்தக் கதையை எழுதியதில் எனக்குக் கிடைத்த ஒரே அதிர்ஷ்டம் இது.)

9.

முடிவு ஒன்று: லிண்டா சொல்கிறாள், எர்மீனியா அவள் உச்சரிப்பைத் திருத்துகிறாள், இருவரும் அழுகிறார்—

முடிவு இரண்டு: லிண்டா போவதற்குள் எர்மீனியா—

இரண்டும் வேண்டாம்.

மறுநாள் மதியம் செலோவுக்கு விடுமுறை. பக்கத்துக் கட்டில்காரி வீட்டுக்குப் போய்விட்டாள். அறையில் அம்மாவும் மகளும் மட்டும். எர்மீனியா கையைப் பிடித்தாள், அதே கேள்வியைக் கேட்டாள். லிண்டா ஆமாம் சொல்லவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு, ஒரு எழுத்தும் பிசகாமல் சொன்னாள்:

"நீ இல்லாத குறை எனக்கு, அம்மா."

எர்மீனியா மகளையே பார்த்தாள். பிறகு, கதவுக்குப் பின்னால் மட்டும் கேட்ட அந்தச் சிரிப்பைச் சிரித்தாள், மகளின் முகத்துக்கு நேரே. மகளுக்கு மொழி வந்துவிட்டது என்றே நினைத்துவிட்டாள். சேர்த்துவைத்ததெல்லாம் கொட்டியது.

"எப்ப கத்துக்கிட்ட, கள்ளி? ஒண்ணு சொல்றேன் கேளு. நீ பொறந்தன்னைக்கு ஒங்கப்பா என்ன பேர் வெக்கலாம்னாரு. லிண்டான்னேன். வெள்ளைக்காரிப் பேரா இருக்கேன்னு மூஞ்சியத் தூக்கினாரு. மக்கு! டீச்சர் காதுக்கு அது இங்கிலீஷ் பேரு. நம்ம காதுக்கு அழகின்னு அர்த்தம். நம்ம பாஷையில ஒரே ஒரு சொல்ல, யாரும் அடிச்சுப் பிடுங்க முடியாத எடத்துல ஒளிச்சு வெச்சேன்டி. தினமும் பத்துத் தடவை அதை ஒன்கிட்டப் பேசிக்கிட்டுத்தான் இருந்தேன். டீச்சரே ஒன்ன அழகி அழகின்னு கூப்பிட்டா, அது தெரியாமலே!"

சொல்லிவிட்டு மறுபடி சிரித்தாள். வேகமாக ஓடிய அந்தப் பேச்சில் லிண்டாவுக்குப் பிடிபட்டது தன் பெயர் மட்டும். அது அங்கங்கே மிதந்து மிதந்து போனது. அம்மாவின் கன்னம் சிவந்திருந்தது. அம்மா இப்படித் தன்னிடம் பேசி அவள் பார்த்ததேயில்லை. இது நின்றுவிடக் கூடாது என்று மட்டும் அவளுக்குத் தோன்றியது.

எர்மீனியா நிறுத்தி, மகளின் கண்ணைப் பார்த்தாள்.

"நான் சொல்றது புரியுதுல்ல, மகளே?"

குரல் ஏறியதில் அது கேள்வி என்று லிண்டாவுக்குத் தெரிந்தது. ஆமாம் என்ற சொல்லும் அவளிடம் இருக்கிறது, இல்லை என்ற சொல்லும் இருக்கிறது.

அவள் சொல்லும் பதிலை எழுத எனக்குக் கை வரவில்லை. அறையில் வேறு யாருமில்லை. அம்மா பேசியது முழுவதும் புரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். சொல்லுங்கள்.