கரவனெல்லைச் சந்தியில் ஒரு முகம்

1

இந்தக் கதையை எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரு பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞர். ஊர் வடக்கு, வேலை இங்கே, இறப்பர்த் தோட்டங்களுக்கு நடுவில். ஓய்வு நேரத்தில், துஷ்யந்தி செல்லையா வடிவமைக்கும் சினிமாச் சுவரொட்டிகளில் தமிழ் எழுத்துப் பிழை பார்த்துக் கொடுப்பேன். சென்ற ஆண்டு அவள் அனுப்பிய ஒன்றில், தலைப்பிலிருந்த ஒரு மெய்யெழுத்துக்குப் புள்ளி விடுபட்டிருந்தது. "ஒரு புள்ளி. மற்றபடி சரி" என்று பதில் போட்டேன். அந்தப் புள்ளிக்கு நேர் மேலே, சேற்றுக்குள்ளிருந்து ஒரு பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மரணப் பதிவுப் படிவம், அடையாள அட்டைப் பிரதியோடு, என் மேசை இழுப்பறையில் கிடந்தது. அவள் தாய் கருப்பாயி கையெழுத்துப் போட மறுத்த படிவம். இரண்டு தடவை அதை அந்த வீட்டுக்குக் கொண்டுபோனவளும் நான்தான்.

ஆனாலும் நான் புள்ளியை மட்டுமே பார்த்தேன்.

துஷ்யந்தி கணினியைத் திறந்தபோது வெளியே மழை பெய்துகொண்டு

(வேண்டாம். மண்சரிவுக் கதையை மழையில் தொடங்கினால் வாசிப்பவர் எல்லாம் தெரிந்ததுபோல் தலையாட்டிவிடுவார்.)

கருப்பாயி பஸ்ஸை விட்டு இறங்கி

(இதுவும் இல்லை. கருப்பாயி இறங்குவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. அதற்கு முன்னால் ஒரு முகம் உருவாக வேண்டும்.)

2

துஷ்யந்திக்கு அப்போது இருபத்தொன்பது வயது. யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவில், ஒரு புத்தகக் கடையின் மேல்மாடி அறை அவளுடைய அலுவலகம். தொலைக்காட்சி நாடகம், பாட்டு வீடியோ, இசை நிகழ்ச்சி என்று கொழும்பிலிருந்து வரும் வேலைகளை அங்கிருந்தே செய்து அனுப்புவாள். எதையும் நேரே கணினியில் தொடங்கமாட்டாள். அப்பியாசக் கொப்பியின் பின்தாளில் முத்திரை அளவில் இருபது கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு யோசனை வரைவாள். முதல் பத்தையும் பார்க்காமலே அடித்துவிடுவாள். "அந்தப் பத்தும் எல்லாருக்கும் வர்றது மிஸ்" என்று ஒருமுறை எனக்கு விளக்கினாள். மிச்சப் பத்தில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று தேடுவாள். வெளிச்சம் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பாள்.

அந்தச் சுவரொட்டிக்குரிய படத்தின் இயக்குநர் இந்திரகுமார். கொழும்புக்காரர். தோட்டத்து மண்சரிவில் புதைந்து உயிரோடு மீளும் ஒரு பெண்ணைப் பற்றிய கதை. கதாநாயகி இன்னும் முடிவாகவில்லை. ஆனால் முதல் சுவரொட்டி உடனே வேண்டும். சேற்றிலிருந்து ஒரு முகம், கண்கள் மட்டும் திறந்து. அவர் தொலைபேசியில் சொன்னதை அவள் கொப்பியில் அப்படியே எழுதி வைத்திருந்தாள்: யாரென்று தெரியாத முகமாக இருக்க வேண்டும், ஆனால் பார்த்தால் தெரிந்த முகம்போல இருக்க வேண்டும்.

மறுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். நானும் கேட்டேன். அதற்கு ஒன்பது வருடத்துக்கு முன் அவள் பிறந்து வளர்ந்த தோட்டத்தில்தான் மலை இறங்கியது. அப்போது அவள் கொழும்பில் படித்துக்கொண்டிருந்தாள். பதினான்கு பேர் புதைந்தார்கள், பதினொரு பேரைத் தோண்டி எடுத்தார்கள். எடுக்க முடியாமற்போன மூவரில் ஒருத்தி கிருஷ்ணகுமாரி. எல்லாருக்கும் குமாரி. துஷ்யந்தியோடு பத்து வருடம் ஒரே வாங்கில் இருந்து படித்தவள்.

வேறு யாராவது செய்தால் அசிங்கமாகச் செய்துவிடுவார்கள் என்றுதான் ஏற்றுக்கொண்டாளாம்.

3

வேலை எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். இதை விட்டால் கதையே இல்லை.

முதலில் இணையத்தில் தேடினாள். தோட்டப் பெண் என்று எழுதினால் கூடையோடு சிரிக்கிற பெண்கள் வந்தார்கள். ஒருத்தியும் மண்ணுக்குள் போய்வந்தவள் மாதிரி இல்லை. ஆகவே கொல்லையில் சேறு குழைத்துத் தன் கன்னத்திலேயே பூசிக்கொண்டு, யன்னல் வெளிச்சத்தில் கைப்பேசியால் படமெடுத்தாள். கன்னம் அவளுடையது. நெற்றியும் மூக்கும் விலைக்கு வாங்கிய வெவ்வேறு படங்களிலிருந்து வந்தவை. எல்லாவற்றையும் அடுக்கடுக்காக வைத்து, ஓரங்களை அழித்து ஒட்டினாள். கண்தான் அமையவில்லை. விளம்பர அழகிகளின் கண்களுக்குக் கமெரா இருப்பது தெரிந்திருந்தது. மூன்று நாள் கண்ணில்லாத முகத்தோடு இருந்தாள்.

நான்காம் நாள் காலையில், பள்ளிக்கூடத்துப் பிரியாவிடைப் படத்தைத் திறந்தாள். இரண்டாம் வரிசையில் குமாரி. வெயில் கூசினாலும் இமைக்காமல் பார்த்திருந்தாள். பொருந்துகிறதா என்று பார்க்கத்தான் எடுத்தேன் என்றாள் துஷ்யந்தி. பொருந்தியது. ஆனால் பதினாறு வயதுக் கண். படத்துப் பெண்ணுக்கு முப்பதுக்குக் கிட்ட இருக்க வேண்டும். எனவே மெல்லிய தூரிகையால் கண்ணுக்குக் கீழே வரிகள் வரைந்தாள். இமையைச் சற்றே தொங்கவிட்டாள். வெள்ளை விழியில் கொஞ்சம் மஞ்சள் சேர்த்தாள்.

இந்திரகுமாரிடமிருந்து உடனே பதில் வந்தது. இதுதான், இனித் தொடாதீர்கள்.

(அது குமாரியென்று ஊரில் யாருக்காவது தெரிந்துவிடும் என்று அவள் யோசித்தாளா? முதல் நாள் கேட்டபோது இல்லை என்றாள். வேறொரு நாள், தானாகவே, "தெரிஞ்சுதான் மிஸ் செஞ்சேன். அவள எங்கேயாச்சும் பாக்கணும்னு இருந்துச்சு" என்றாள். இரண்டையும் எழுதுகிறேன். எதை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை.)

4

கரவனெல்லை ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் சந்தியில், இருபது அடி உயரத்தில் அந்தச் சுவரொட்டி விளம்பரப் பலகையாக ஏறியது.

குமாரியின் தாய் கருப்பாயி மாதம் ஒருதரம் கிளினிக்குக்கு வருகிறவள். பஸ் யன்னலால் பார்த்தாள். சந்தியிலேயே இறங்கிவிட்டாள். அன்று கிளினிக்குக்குப் போகவில்லை. அடுத்த கிழமை வேலையைப் போட்டுவிட்டு மறுபடி வந்தாள். அதற்கடுத்த கிழமையும் வந்து, முச்சக்கரவண்டி ஓட்டும் முக்தாரிடம், பலகையின் அடியிலிருந்த சின்ன எழுத்தை வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். அவர் வாசித்தார்: வடிவமைப்பு, துஷ்யந்தி செல்லையா.

ஒரு பிற்பகல் மாடிப்படியில் மூச்சிரைக்க ஏறி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, துஷ்யந்திக்கு எதிரே உட்கார்ந்தாள். குடித்த தண்ணீர்க் குவளையைத் தரையில் வைத்த பிறகே பேசினாள்.

"குமாரி எங்க இருக்கா பாப்பா?"

துஷ்யந்தி கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தாள்.

"படத்துல நடிக்கிறாளாமே. ஒனக்குத் தெரியாம இருக்காது. வர முடியலன்னா பரவால்ல. இருக்கிற எடத்த மட்டும் சொல்லு."

அது பழைய படமாக இருக்கலாம் பெரியம்மா என்று துஷ்யந்தி மெல்லச் சொல்லிப் பார்த்தாள். கருப்பாயி தலையை ஆட்டினாள்.

"பழைய படம்னா சின்ன மொகமால்ல இருக்கும்? இது இப்ப உள்ள மொகம். கண்ணுக்குக் கீழ சுருங்கிப் போயிருக்கு பாரு. கஷ்டப்பட்டிருக்கா."

தான் வரைந்த ஒவ்வொரு வரியும் அந்தத் தாய்க்குச் சாட்சியாகிவிட்டதைத் துஷ்யந்தி அப்போதுதான் உணர்ந்தாள். விசாரித்துப் பார்க்கிறேன் பெரியம்மா என்று சொல்லி அனுப்பினாள். பொய். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. படிவத்தோடு போன இரண்டாம் தடவை, கருப்பாயி முற்றத்தில் நிற்பதைக் கண்டும், வீட்டில் ஆளில்லை என்று கோப்பில் எழுதிவிட்டுத் திரும்பியவள் நான்.

5

அந்த வாரமே இந்திரகுமார் அழைத்தார். கதாநாயகி முடிவாகிவிட்டது. சேறு, வெளிச்சம், எழுத்து எல்லாம் அப்படியே இருக்கட்டும். முகத்தை மட்டும் மாற்றிவிடுங்கள், வெள்ளிக்கிழமை புதுப் பலகை ஏறுகிறது.

இந்த இடத்தில் நான் எழுதிய ஒரு முடிவில், துஷ்யந்தி மறுக்கிறாள். முடியாது சேர் என்று கைப்பேசியை மேசையில் வைக்கிறாள். இரண்டு பக்கம் நன்றாகவே வந்திருந்தது. அவளிடம் வாசித்துக் காட்டினேன்.

"நான் மறுக்கல மிஸ்" என்றாள். "மாத்திக் குடுத்தேன். அரைமணித்தியாலம்தான் எடுத்துச்சு."

ஆகவே கிழித்தேன். இன்னொரு முடிவில் கருப்பாயி மகளைத் தேடி, கொழும்பு பஸ்ஸில் ஏறி

(இல்லை. அது நடந்துவிடுமோ என்று பயந்துதான், வியாழன் காலையில் துஷ்யந்தி மடிக்கணினியோடு அவள் வீட்டுக்குப் போனாள்.)

மண்சரிவுக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடு. சிமெந்துத் தரையில் இருவரும் உட்கார்ந்தார்கள். துஷ்யந்தி சுவரொட்டியைத் திறந்து, அடுக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக் காட்டினாள். எழுத்து போனது. சேறு போனது. இது என் கன்னம் பெரியம்மா என்று சொல்லி அதை அணைத்தாள். மூக்கு போனது, நெற்றி போனது. வெறும் வெள்ளையில் இரண்டு கண்கள் மட்டும் நின்றன. பக்கத்தில் பிரியாவிடைப் படத்தை வைத்தாள்.

கருப்பாயி இரண்டையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு திரையில் விரலை வைத்தாள்.

"இந்தக் கோடு?"

"நான் போட்டது."

"எதப் பாத்துப் போட்ட?"

இருபத்தொன்பது வயதுக் குமாரியை யாரும் பார்த்ததில்லை. வயதானால் எப்படி இருப்பாள் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது.

"ஒங்கள நெனச்சுத்தான் பெரியம்மா."

கருப்பாயி அழவில்லை. திட்டவுமில்லை. எழுந்துபோய் அடுப்பில் தேத்தண்ணி வைத்தாள். துஷ்யந்தி வாய்விட்டு அழுது முடியும்வரை உள்ளேயே நின்றாள். குவளையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்று மட்டும் சொன்னாள்: "செத்துட்டான்னு நீ சொல்லல. படம் போட்டேன்னுதான் சொன்ன."

வெள்ளிக்கிழமை ஆட்கள் வந்து பலகைத் துணியின் கயிற்றை அவிழ்த்து, முகம் உள்ளே போகும்படி மடித்து, லொறியில் போட்டுக்கொண்டு போனார்கள். கருப்பாயி சந்திக்கு வரவில்லை. துஷ்யந்திதான் எதிர்ப்புறம் நின்று பார்த்தாள்.

6

இங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தித்தான் வைத்திருந்தேன்.

இந்த மே மாதம், பத்தாம் வருடத் திவசத்துக்கு ஊரார் கூடிய நாளில், கருப்பாயி கோயிலுக்குப் போகாமல் மறுபடி மாடியேறி வந்திருக்கிறாள். அந்தக் கண்ணு இன்னும் ஒன்கிட்ட இருக்கா என்று கேட்டாளாம். இருக்கிறது என்றாள் துஷ்யந்தி.

"சேறு வேணாம். நல்ல சீல கட்டி, மொகத்தக் கழுவி ஒண்ணு போட்டுக் குடு. ஒரு வயசு கூட்டிப் போடு. வருசா வருசம் நான் வருவேன். ஒவ்வொரு வயசாக் கூட்டிக்கிட்டே வா."

துஷ்யந்தி சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை. மறுநாள் பிரதேச செயலகத்துக்கே வந்து என் மேசைக்கு முன்னால் நின்றாள். போடலாமா மிஸ், கூடாதா என்று கேட்டாள். போட்டால் அந்தப் படிவம் ஒருநாளும் கையெழுத்தாகாது. போடாவிட்டால் குமாரி இருபத்தொன்பதோடு நின்றுவிடுவாள். அப்படி நிற்க வைத்த கை தன்னுடையதாகிவிடும்.

எனக்குப் பதில் தெரியவில்லை. எழுதினால் தெரியவரும் என்று நினைத்தேன். எழுதியாயிற்று, தெரியவில்லை.

துஷ்யந்தி இருபது கட்டம் போட்டு வைத்திருக்கிறாள். முதல் பத்தை அடித்துவிட்டாள். மிச்சப் பத்தும் காலியாக இருக்கின்றன. கருப்பாயி படத்தை வாங்க நாளைக் காலை முதல் பஸ்ஸில் வருகிறாள்.

நீங்களாக இருந்தால் என்ன வரைவீர்கள்?