மூன்றாம் வளையத்தில் ஓர் அழுக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் பூச்சிக்காரர் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒன்பது முறை எழுந்துவிட்டார். தண்ணீர் குடிக்க இரண்டு முறை, குடித்த தண்ணீரைக் கழிக்க இரண்டு முறை, ஜன்னலைத் திறக்க ஒன்று, திறந்த ஜன்னலைச் சாத்த ஒன்று. மிச்சம் மூன்றுக்கு அவரிடமே கணக்கு இல்லை. உட்கார்ந்திருந்த நேரத்திலும் வலது கால் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. கால் ஆடியதில் மேசை ஆடி, மேசை ஆடியதில் தேநீர் தளும்பி, ஒரு துளி மெல்லக் கிளம்பி மேசை நடுவில் கிடந்த படத்தை நோக்கி ஊர்ந்தது. பாய்ந்து சட்டைக் கையால் அணை கட்டினார். படம் தப்பித்தது. சட்டை வெள்ளை.

படத்தில் இருந்தது ஒரு தத்துப்பூச்சி. புல்லில் நடந்தால் காலடியில் பச்சைத் தூசியாகத் தெறித்து ஓடுமே, அந்த வகை. நிஜத்தில் நான்கு மில்லிமீட்டர், படத்தில் ஒரு முழம். முகம் ஒரு படம், இறக்கை ஒரு படம், பின்னங்கால் முட்கள் ஒரு படம், வயிற்றுக்குள் இருப்பவை ஆறு படம். பூச்சியின் உடம்பில் அவர் வரையாமல் விட்டது அதன் மனசு மட்டும்தான்.

அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் முப்பத்தொரு வருடம். அந்த முப்பத்தொரு வருடத்தில் அவர் கையில் வந்த பூச்சிகளுக்கெல்லாம் வேறு யாரோ, எங்கோ, எப்போதோ பெயர் வைத்து முடித்திருந்தார்கள். அந்தப் பெயரை நகத்தளவு சீட்டில் எழுதி, பூச்சிக்குக் கீழே குண்டூசியில் குத்தி வைப்பதுதான் அவர் வேலை. ஊரார் வீட்டுப் பெயர்சூட்டு விழாக்களுக்கெல்லாம் போய்க் கைதட்டிவிட்டு வந்த மனிதர் என்று தன்னைப் பற்றி அவரே சொல்லிக்கொள்வார். ஓய்வு பெற இன்னும் நாற்பது நாள். கடைசி வருடமாகப் பார்த்து, ஐந்து மாதத்துக்கு முன்புதான் இந்தப் பூச்சி வந்து மாட்டியது. மனைவி மருத்துவமனையில் ஸ்கேன் எடுப்பவள். அவள் பணி முடியும்வரை மருத்துவமனைப் பின்சுவர் ஓரம், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே முளைத்துக் கிடக்கும் புல்லில் வலை வீசிக்கொண்டு நிற்பது அப்போது அவர் பழக்கம். முதல் நாள் அதைப் பார்த்த காவலாளி, “மனநலப் பிரிவு முன்பக்கம் சார்,” என்று அன்பாக வழி காட்டினார். அந்தப் புல்லில் கிடைத்தவை மூன்று பெண், ஒரே ஓர் ஆண். பெண்கள் மூன்றும் ஏற்கெனவே பெயருள்ள ஒரு சாதாரண இனத்தின் பெண்களைப் போல அச்சு அசலாக இருந்தன. ஆண் மட்டும் உள்ளே வேறு மாதிரி இருந்தது. இந்தப் பூச்சிகளில் இனத்துக்கு இனம் வேறுபடுவது ஆணின் அந்தரங்க உறுப்புதான். வெளியே எல்லாம் ஒன்றுபோல இருக்கும். வயிற்றைத் தனியே கழற்றி, காரக் கரைசலில் கொதிக்கவைத்து, கிளிசரின் சொட்டில் மிதக்கவிட்டு, அதைப் பார்த்துத்தான் இன்னார் என்று சொல்ல முடியும்.

அவர் பார்த்தார். ‘புதுசு’ என்றார். மனைவி பெயரையே வைத்தார். கட்டுரை ஏற்கப்பட்டு, அச்சுக்கு முந்தைய படி வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. திங்கள் மதியத்துக்குள் ‘சம்மதம்’ என்ற பொத்தானை அழுத்தினால் போதும். மூன்று நாளாக அந்தப் பொத்தானைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறார். எழுத்துப் பிழை பார்க்கிறேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார். பதினேழு முறை படித்தும் ஒரு பிழையும் அகப்படவில்லை. அதுதான் அவரை இன்னும் படுத்தியது.

தொலைபேசி அடித்தது. மனைவியின் அண்ணன்.

“மாப்ளே, என் தங்கச்சி பேரைப் பூச்சிக்கு வெச்சுட்டீங்களாமே? ஏன், ஒரு தெரு, ஒரு பாலம், ஒண்ணும் அமையலியா?”

“பாலம் இடிஞ்சிரும் மச்சான். இது நிக்கும்.”

“அது சரி. எதை வெச்சுப் புதுசுன்னு கண்டுபிடிச்சீங்க? நாலு பேர் கேட்டா நான் சொல்லணும்ல.”

பூச்சிக்காரர் படத்தைப் பார்த்தார். ஆறு படங்களும் கூச்சமில்லாமல் அவரைத் திருப்பிப் பார்த்தன.

“அது… அடிவயிற்று அமைப்பு.”

“அடிவயிறா! சரி, சரி. அவளுக்கும் அங்கதான் ஆபரேஷன் ஆச்சு. பொருத்தமாத்தான் வெச்சிருக்கீங்க.”

போனை வைத்தபோது எதிரே நாற்காலியில் மனைவி உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்கியதில் தோள் குலுங்கியது. “எங்க அண்ணன்கிட்ட யாருங்க சொன்னது?”

“நான்தான். உங்க பெரியம்மா வீட்டுக்கும் சொல்லியாச்சு.”

“நல்லவேளை, பேப்பர்ல போடலை,” என்றவள் படத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் கால் நின்றது. மூன்று நாளில் முதல்முறையாக.

இருபத்தாறு வருடமாக இருட்டறையில் சாம்பல் நிறத் திரையைப் பார்க்கும் கண் அவளுடையது. எல்லாம் சரியாக இருக்கிற இடத்தில் அது நிற்காது, வழுக்கிக்கொண்டு போகும். எங்கே நிற்கிறதோ அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். படுத்திருப்பவர்கள் யாரும் திரையைப் பார்ப்பதில்லையாம், அவள் முகத்தைத்தான் பார்ப்பார்களாம். அதனால் முகத்தில் ஒன்றும் காட்டாமலிருக்கப் பழகிவிட்டாள். கல்யாணமான புதிதில், சமையல் வாயில் வைக்க விளங்கவில்லை என்று அவர் சொன்னதைக்கூட அதே முகத்தோடுதான் வாங்கிக்கொண்டாள். அப்புறம் மூன்று நாள் சமைக்கவில்லை.

இறக்கையில் வழுக்கி, காலில் வழுக்கி, வயிற்றுப் பக்கம் வந்து அவள் கண் நின்றது.

“இங்க என்னத்தை அழிச்சீங்க?”

“எங்க?”

“இதோ. மூணாவது வளையத்துக்கும் நாலாவதுக்கும் நடுவுல. மை போடறதுக்கு முன்னாடி பென்சில்ல என்னவோ இருந்திருக்கு. அழிச்ச தடம் தெரியுது பாருங்க.”

“அது அழுக்கு. பூச்சி மேல ஒட்டியிருந்த மண்ணு. தூரிகையால தட்டிவிட்டு, படத்துலயும் அழிச்சுட்டேன்.”

“ரவுண்டா இருக்கே.”

“மண்ணு ரவுண்டா இருக்கக் கூடாதா?”

அவள் ஒரு பட்டாணியை உரித்தாள். பிறகு உள்ளுறுப்புப் படங்களுக்கு விரலை நகர்த்தினாள். “இதெல்லாம் சின்னதா, சப்பையா இருக்கே. வளர்ற வயசுல சாப்பாடு கிடைக்காம போன மாதிரி. இதுங்க எல்லாமே இப்படித்தானா, இல்ல இவனுக்கு மட்டும் உடம்பு சரியில்லையா?”

பூச்சிக்காரர் பத்தாவது முறையாக எழுந்தார். ஜன்னல் வரை போனார். திறப்பதா சாத்துவதா என்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தத்துப்பூச்சியின் மேல் ஒரு சிறு குளவி முட்டையிடும். அதன் புழு பூச்சியின் வயிற்று வளையங்களுக்கு நடுவே, ஒரு சின்னப் பைக்குள் ஒட்டிக்கொண்டு, உயிரோடு உறிஞ்சித் தின்னும். முதலில் அந்தப் பை அரைக் கடுகுதான், உருண்டையாக இருக்கும். அப்படி உறிஞ்சப்பட்ட ஆணுக்கு உள்ளுறுப்பு சரியாக வளராது, சப்பிப்போய் வேறு ஏதோ இனம்போலத் தெரியும். இதைப் பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு குழுவுக்கும் அவரே கரும்பலகையில் படம் போட்டுச் சொல்வார். ‘நோயாளியைப் பார்த்துப் புது இனம்னு ஏமாந்துராதீங்க’ என்று சொல்லிவிட்டு ஒரு ஜோக் அடிப்பார். இருபது வருடமாக அதே ஜோக். அடுத்தவர் பூச்சியில் அந்தப் பையை எட்டடி தூரத்திலிருந்து காட்டிக்கொடுப்பவர், தன் பூச்சியில் அதற்கு அழுக்கு என்று பெயர் வைத்துத் தட்டிவிட்டிருக்கிறார். முப்பத்தொரு வருடத்தில் அவர் வைத்த முதல் பெயர் அதுதான்.

தெரியாமல் செய்தாரா? தூரிகையைத் தொட்ட கணத்தில் வலது கால் ஆட ஆரம்பித்தது ஞாபகம் வந்தது. காலுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. தலைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

“இப்படியே அனுப்பினாலும் யாருக்கும் தெரியாது,” என்றார் ஜன்னலைப் பார்த்து. “இன்னும் இருபது வருஷத்துக்கு ஒருத்தனும் இந்தப் பூச்சியைத் தேடி வரப்போறதில்லை.”

“ம்.”

“உங்க அண்ணன் வேற ஊரெல்லாம் சொல்லியிருப்பாரு.”

“சொல்லியிருப்பான்.”

“நீ என்ன சொல்றே?”

“நான் என்னத்தைச் சொல்ல? நான் டாக்டரா? பார்த்ததை எழுதிக் கொடுக்கிறதோட என் வேலை முடிஞ்சுது.” பட்டாணித் தோலைக் கூட்டி அள்ளினாள்.

“உன் பேரு…”

“என் பேரு என்கிட்ட பத்திரமாத்தாங்க இருக்கு. ஆனா ஒண்ணு. ஒரு நோஞ்சானைப் பிடிச்சு, இவன் குலமே இப்படித்தான்னு எழுதி, அதுக்கு மேல என் பேரை ஒட்டாதீங்க.”

அவர் திரும்பிப் பார்த்தார். கோபமா, கேலியா என்று தெரிந்துகொள்ள அந்த முகத்தில் ஒரு வழியும் இல்லை. அவள் எழுந்து சமையலறைக்குள் போனாள். அங்கே பாத்திரம் வைக்கிற சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. மடிக்கணினியைத் திறந்தார். பொத்தான் பச்சை நிறத்தில் காத்திருந்தது. தத்துப்பூச்சிப் பச்சை. மூடினார். மறுபடி திறந்தார். இன்னொரு ஆண் இருந்தால் எல்லாம் தெரிந்துவிடும். நோயில்லாத ஆணும் உள்ளே இதே மாதிரி இருந்தால் இனம் புதுசுதான், பெயரும் நிற்கும். இல்லையென்றால் வாசலில் கிடந்த சாதாரணப் பூச்சியைப் பிடித்து மகுடம் சூட்டிய முதல் முட்டாள் அவர். ஆனால் அந்த ஒன்றுக்குப் பிறகு ஐந்து மாதமாக அவர் அந்தப் புல் பக்கமே போகவில்லை. படம் வரையவே நேரமில்லை என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தார்.

“திங்கக்கிழமை காலையில அங்க புல்லு வெட்டுவாங்க,” என்றாள் சமையலறையிலிருந்து. “போன வாரம் மழையில விட்டுட்டாங்க. முட்டி அளவுக்கு வளர்ந்து கிடக்கு.”

“அதை ஏன் என்கிட்ட சொல்றே?”

“சும்மா சொன்னேன்.”

மதியம் இரண்டு மணிக்கு ஸ்கூட்டர் மருத்துவமனைப் பின்வாசலில் நின்றது. காவலாளி வலையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பின்னால் இறங்கியவளைப் பார்த்தார்.

“மேடம், நீங்களுமா?”

“குடும்பத்தோட வந்துட்டோம்,” என்றாள்.

வெயில் கொளுத்தியது. அவர் வலையை வலமும் இடமுமாகப் புல்லில் வீசிக்கொண்டு போனார். வலைக்குள் விழுந்தவற்றைக் குழலால் உறிஞ்சிக் குப்பிக்குள் எடுக்கவேண்டியது அவள். ஒரு ரப்பர்க் குழாயை வாயில் வைத்து இழுத்தால் மறுபக்கத்துக் கண்ணாடிக் குழல் வழியாகப் பூச்சி குப்பிக்குள் வந்து விழும், நடுவில் வலைத்துணி இருப்பதால் வாய்க்குள் வராது. வராது என்று அவர் நான்கு முறை சொன்னபிறகுதான் அவள் நம்பினாள். முதல் இழுப்பில் இருமினாள், மூன்றாவதில் கை பழகிவிட்டது. சுவர் ஓரம் முடிந்தது, தொட்டிக்குக் கீழே முடிந்தது, குழாய் கசியும் ஈரத்தில் அவர் செருப்பு ஒன்று பிய்ந்தது. எட்டுக்கால் பூச்சி, ஈ, வண்டு எல்லாம் வந்தன. நான்கு மணிவரை அந்தப் பச்சை மட்டும் வரவில்லை. பிறகு, அவர் வீசாமல் சும்மா வலையை இழுத்துக்கொண்டு நடந்த ஒரு தடவையில், துணியின் மூலையில் ஏழு வந்தன.

அவள் ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுத்தாள். குப்பிக்குள் அவை கண்ணாடியில் மோதி மோதித் தெறித்தன. நகத்தால் தட்டுவதுபோல டிக், டிக் என்று சத்தம்.

பூச்சிக்காரர் லென்ஸை எடுத்தார். குப்பி ஒரு பக்கமும் லென்ஸ் ஒரு பக்கமும் போயின. மூன்று முறை கண்ணருகே கொண்டுபோய் மூன்று முறையும் இறக்கினார்.

“கொடுங்க இப்படி,” என்று இரண்டையும் அவளே வாங்கிக்கொண்டாள். “என்ன பார்க்கணும்?”

“வால் பக்கம், அடியில. நடுவுல வாள் மாதிரி ஒரு நீளக் கோடு இருந்தா பொண்ணு. அது இல்லேன்னா ஆணு.” குனிந்து பிய்ந்த செருப்பைப் பார்த்தார். “அப்புறம்… மூணாவது வளையம்.”

அவள் வெளிச்சத்துக்கு எதிரே குப்பியைத் தூக்கி, லென்ஸைக் கண்ணோடு ஒட்டினாள். ஒன்றைப் பார்த்தாள், கொஞ்சம் திருப்பினாள். அடுத்ததைப் பார்த்தாள். நான்காவதில் அவள் கை நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ வண்டி பின்னோக்கி வந்து நின்றது. காவலாளி நாற்காலியிலிருந்து எழுந்து எட்டிப் பார்த்தார். பூச்சிக்காரர் பிய்ந்த செருப்போடு ஈரப் புல்லில் அசையாமல் நின்று, குப்பியைப் பார்க்காமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.